ஹைலக்ஸ் என்ஜின் போய்விட்டது, எந்த டீசல் என்ஜின் போடலாம்? அவசரம்

கிராணி மகன் (சுங்கை சிப்புட்)
வணக்கம். என் டொயோட்டா ஹைலக்ஸ் பிக்கப் என்ஜின் முடிந்துவிட்டது, மாற்றத்தான் வேண்டும் என்று மெக்கானிக் ஃபோர்மன் சொல்லிவிட்டார். ஈப்போவில் பழைய வண்டிகளைப் பிரித்து விற்கும் ஒரு கெடாய் போத்தோங்கில் டொயோட்டா 1கேஇசட் டர்போ ஹாஃப்கட் (பாதியாக வெட்டிய பழைய வண்டியின் முன்பகுதி, என்ஜினோடு) இருக்கிறதாம். இன்னொரு இடத்தில் இசூசு 4ஜேபி1. எது நல்லது? சனிக்கிழமைக்குள் முன்பணம் கட்டச் சொல்கிறார்கள். தோட்டத்தில் அடுத்த சுற்று வெட்டு வந்துவிட்டது, செம்பனைக் குலை ஏற்ற வண்டி இல்லை. தெரிந்தவர்கள் சீக்கிரம் சொல்லுங்கள்.

4x4 பீடோர்
1கேஇசட் தம்பி, யோசிக்கவே வேண்டாம். 3.0 டர்போ. என் வண்டியில் போட்டு ஆறு வருடம் ஆகிறது. முன்பு மழை பெய்த மேட்டில் குலையோடு ஏற முதல் கியர் போட்டு உறுமிக்கொண்டே போவேன். இப்போது இரண்டாவது கியரிலேயே ஏறிவிடுகிறது. ஒருமுறை ஓட்டிப் பார், பழைய என்ஜினை நினைக்கவே மாட்டாய்.

லோரிக்காரன்
டர்போ எல்லாம் ரோட்டில் ஓட்டுகிறவர்களுக்கு. தோட்டத்துக்கு 4ஜேபி1தான். லோரியில் வருகிறதில் டைமிங் பெல்ட்டே கிடையாது, கியர். அறுந்து போக ஒன்றும் இல்லை. டைரக்ட் இன்ஜெக்‌ஷன், டீசல் குறைவாகக் குடிக்கும். லோரி சாமான் விற்கிற எந்தக் கடையிலும் ஸ்பேர் கிடைக்கும். அப்பா காலத்திலிருந்து எங்கள் வீட்டில் இசூசுதான், ஒன்றுகூட நடுவழியில் விட்டதில்லை.

நடுத்தோட்டம்
எந்த வருட ஹைலக்ஸ்? 4x2-ஆ 4x4-ஆ? இப்போது உள்ளே என்ன என்ஜின் இருக்கிறது? கியர்பாக்ஸ் நன்றாக இருக்கிறதா? எவ்வளவு செலவு செய்ய முடியும்? "முடிந்துவிட்டது" என்றால் என்ன ஆனது, நாக் அடித்ததா, சூடேறியதா?

பழைய ஃபோர்மன்
நாற்பது வருடமாக டீசல் என்ஜின் பிரிக்கிறேன். இங்கே வருகிற பிள்ளைகள் எல்லோரும் இதே தவறைத்தான் செய்கிறீர்கள். வண்டி என்ன என்று சொல்லாமல் மருந்து கேட்கிறீர்கள். பதில் சொல்கிறவர்களும் கேட்காமலே சொல்கிறார்கள். ஹைலக்ஸ் என்று ஒரே ஒரு வண்டியா இருக்கிறது? சாஸி பிளேட்டைத் துடைத்துப் படித்துவிட்டு வா தம்பி. அடிப்படை தெரியாமல் முன்பணம் கட்டுகிறவர்களால்தான் ஹாஃப்கட் கடைகள் பிழைக்கின்றன.

கிராணி மகன்
மன்னிக்கவும் ஐயா. 1993, 4x4, முன்பக்கமும் லீஃப் ஸ்பிரிங். 2எல் என்ஜின், 2.4. கியர்பாக்ஸ் நன்றாக இருக்கிறது. குலை எடைபோட்டு விற்கும் ரேம்ப்புக்குப் போகும் வழியில் சூடேறி நின்றுவிட்டது. ஆற வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தேன். அப்போதிருந்து வெள்ளைப் புகை, தண்ணீர் குறைந்துகொண்டே போகிறது. எல்லாம் சேர்த்து 6,000 வெள்ளிக்கு (ரிங்கிட்) மேல் முடியாது.

பழைய ஃபோர்மன்
இப்போது பேசலாம். கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் காற்று அமுங்கும் அழுத்தம், பார்த்தார்களா? பார்த்திருந்தால் சொல்லியிருப்பாய். 2எல் சூடேறினால் முதலில் அடிபடுவது ஹெட், சிலிண்டர்களின் மேல் மூடி. இரண்டு வால்வுக்கு நடுவில் தலைமுடி மாதிரி ஒரு கோடு விழும். கீழே பிளாக் நன்றாகவே இருக்கலாம்.

நாளைக் காலையில் என்ஜின் ஜில்லென்று இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திற. விளிம்புவரை தண்ணீர் ஊற்று. வேறு யாரையாவது ஸ்டார்ட் பண்ணச் சொல்லிவிட்டு நீ தண்ணீரையே பார். சூடேறும் முன்பே, முதல் நிமிடத்திலேயே, நிற்காமல் குமிழ் வந்தால் கம்ப்ரஷன் தண்ணீருக்குள் போகிறது. அப்புறம் மூடியைப் போட்டு மறுபடி ஸ்டார்ட் பண்ணி, மேல் ஹோஸை அமுக்கிப் பார். கை சுடாமல் இருக்கும்போதே ஹோஸ் கல் மாதிரி இறுகினால் சந்தேகமே வேண்டாம், ஹெட் அல்லது அதற்குக் கீழே இருக்கிற கேஸ்கெட்.

அதோடு குளோ பிளக் துளையில் மீட்டர் மாட்டிக் கம்ப்ரஷன் பார்க்கச் சொல். நல்ல 2எல் ஏறத்தாழ 450 பிஎஸ்ஐ காட்டும். 285-க்குக் கீழே போனால்தான் என்ஜின் தேய்ந்தது என்று பேச்சு. இது இரண்டு மணி நேர வேலை. இதைச் செய்யாமல் மாற்று என்று சொல்கிற ஃபோர்மனை நான் நம்பமாட்டேன்.

4x4 பீடோர்
ஐயா சொல்வது சரி, முதலில் பார்க்கட்டும். ஆனால் எப்படியும் மாற்றப் போகிறான் என்றால் 1கேஇசட் போடுவதில் என்ன தப்பு?

பழைய ஃபோர்மன்
தப்பு இல்லை. அவன் காசுக்கு முடியாது. 1கேஇசட்-டிஇ மாடலின் டீசல் பம்ப் கம்ப்யூட்டர் சொன்னபடி ஓடுவது. ஒயரிங், கம்ப்யூட்டர் பெட்டி, ஆக்சலரேட்டர் சென்சார் எல்லாம் முழுசாக வர வேண்டும். பெல் ஹவுசிங், மௌண்டிங், எக்சாஸ்ட், பெரிய ரேடியேட்டர் என்று ஒவ்வொன்றாகக் காசு போகும். அந்த என்ஜினுக்கும் சூடு ஆகாது, அதுவும் ஹெட் வெடிக்கும். உன் ஆறு வருடத்தில் கூலிங் வேலைக்கு எவ்வளவு செலவழித்தாய் என்று அந்தத் தம்பிக்குச் சொல்.

4x4 பீடோர்
ரேடியேட்டர் இரண்டு முறை மாற்றினேன், உண்மைதான். ஒயரிங்குக்கு மூன்று வாரம் வண்டி பெங்கேலில் (பட்டறையில்) கிடந்தது. ஆனாலும் மறுபடி அதையேதான் போடுவேன்.

நடுத்தோட்டம்
கிராணி மகன், மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால் 3எல் தேடுங்கள். உங்களுடையது 2,446 சிசி, 3எல் 2,779, 5எல் 2,986. எல்லாம் ஒரே குடும்பம். உங்கள் மௌண்டிங்கிலேயே உட்காரும், உங்கள் கியர்பாக்ஸோடே சேரும். பம்ப் மெக்கானிக்கல், கம்ப்யூட்டர் வேண்டாம். ஆனால் வேனிலிருந்து கழற்றிய 3எல்தான் அதிகம் வரும். அதன் ஆயில் சம்ப் (அடியில் ஆயில் நிற்கிற தொட்டி) வேறு வடிவம், உங்கள் முன் ஆக்ஸில் மேலேறும்போது இடிக்கும். உங்கள் பழைய சம்பையும் உள்ளே ஆயில் உறிஞ்சும் குழாயையும் எடுத்து மாற்றிப் போடுங்கள். என்ஜின் ஏற்றும் முன்பே டைமிங் பெல்ட்டைப் புதிதாக மாற்றிவிடுங்கள், அது 100,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்ற வேண்டியது.

4ஜேபி1 என்று முடிவு செய்தால் இரண்டு விஷயம். லோரி என்ஜின் என்றால் ஸ்டார்ட்டரும் ஆல்ட்டர்னேட்டரும் 24 வோல்ட்டாக இருக்கலாம், உங்கள் வண்டி 12. அப்புறம் பிரேக். டீசலில் பெட்ரோல் மாதிரி வேக்கம் (பிரேக்கை லேசாக்கும் காற்று இழுப்பு) தானாக வராது. உங்கள் வண்டியில் ஆல்ட்டர்னேட்டர் முதுகில் இருக்கிற சின்னப் பம்ப்தான் பிரேக் பூஸ்டருக்கு வேக்கம் கொடுக்கிறது. புது என்ஜினில் அதற்கு வழி செய்யாமல் விட்டால் ஒரு டன் குலையோடு இறக்கத்தில் பிரேக் பெடல் கட்டையாகிவிடும். ரொம்ப ஆபத்து, தயவுசெய்து மறக்காதீர்கள்.

லோரிக்காரன்
2எல் எல்லாம் சாவதற்கு உண்மையான காரணத்தை யாரும் சொல்லவில்லை. பயோடீசல். 2019-இல் பத்து சதவீதம் பயோடீசல் கலந்த பி10 வந்த பிறகுதான் பழைய என்ஜின்கள் வரிசையாகப் போகின்றன. என் லோரியில் ஒரே மாதத்தில் மூன்று ஃபில்டர் மாற்றினேன்.

நடுத்தோட்டம்
ஃபில்டர் அடைத்தது உண்மையாக இருக்கும் அண்ணே. பயோடீசல் பழைய டேங்கில் வருடக்கணக்காகப் படிந்த அழுக்கைக் கரைத்துக் கொண்டுவரும். பழைய ரப்பர் ஹோஸும் சிலது உப்பும், கசியும். ஒரு தடவை டேங்கைக் கழுவி ஹோஸை மாற்றினால் அடங்கிவிடும். ஹெட்டில் கோடு விழுவதற்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

லோரிக்காரன்
கையால் மாற்றியவன் நான். சமையல் எண்ணெயை டீசலில் கலந்தால் என்ஜின் எப்படித் தாங்கும்?

செம்பனைக் குடும்பம்
அது சமையல் எண்ணெய் இல்லை. எண்ணெயை மெத்தனாலோடு வினை புரிய வைத்து மெத்தில் எஸ்டராக மாற்றித்தான் கலக்கிறார்கள், டீசலுக்கு அருகில் வருகிற அளவுக்கு இளகலாக இருக்கும். என் அப்பா முப்பது வருடம் தோட்டத்தில் குலை வெட்டினார். அந்தப் பழத்தின் எண்ணெயை நம் பிள்ளைகளே விஷம் என்று சொல்வதைப் படிக்க எனக்கு வருத்தமாக இருக்கிறது. குளிர் இடத்தில் கட்டியாகும் என்று சொல்லுங்கள், ஒத்துக்கொள்கிறேன். சும்மா பழி போடாதீர்கள்.

லோரிக்காரன்
உங்கள் அப்பாவைப் பற்றி நான் எதுவும் சொல்லவில்லை. தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

4x4 பீடோர்
எண்ணெய் எதுவாக இருந்தாலும் விலைதான் கொல்கிறது. 2024 ஜூன் 10-இல் டீசல் லிட்டர் 2.15 வெள்ளியிலிருந்து ஒரே இரவில் 3.35 ஆனது. சிறு தோட்டக்காரர்களுக்கு புடி மடானி என்ற அரசு டீசல் உதவியில் மாதம் 200 வெள்ளி என்றார்கள். அந்தத் தம்பி அதற்கு விண்ணப்பித்தானா என்றும் கேளுங்கள்.

பழைய ஃபோர்மன்
தலைப்பு என்ஜின். விலை பேச வேறு இழை தொடங்குங்கள்.

ரோடு டேக்ஸ் அக்கா
தம்பி, எந்த என்ஜின் போட்டாலும் கிரானை (வண்டி உரிமைப் பத்திரத்தை) மறந்துவிடாதீர்கள். என்ஜின் எண்ணும் சிசியும் அதில் இருக்கிறது. ஜேபிஜேயில் (சாலைப் போக்குவரத்து இலாகாவில்) சொல்லி, வாகனப் பரிசோதனை முடித்து மாற்ற வேண்டும். கடையில் ரசீது மட்டும் போதாது, அந்த என்ஜின் இறக்குமதியான சுங்கப் பத்திரத்தையும் காசு கொடுக்கும் முன்பே கேட்டு வாங்குங்கள். பிறகு போய்க் கேட்டால் கிடைக்காது. எண் பொருந்தாத வண்டி விபத்தில் மாட்டினால் இன்சூரன்ஸ் கேள்வி கேட்கும். என் கவுண்டரில் கண் கலங்கி நின்றவர்களைப் பார்த்திருக்கிறேன்.

நடுத்தோட்டம்
கிராணி மகன், குமிழ் வந்ததா? சனிக்கிழமை தாண்டிவிட்டது.

4x4 பீடோர்
முன்பணம் கட்டிவிட்டானோ என்னவோ.

கிராணி மகன்
மன்னிக்கவும், வெட்டு வேலையில் எழுத முடியவில்லை. மாமா லோரியில் குலை ஏற்றினோம். முன்பணம் கட்டவில்லை. ஐயா சொன்ன மாதிரியே குமிழ் வந்தது. ஹெட்டைக் கழற்றினோம், இரண்டாவது சிலிண்டரில் கோடு. மூன்றாவதில் சிலிண்டர் சுவர் கீறியிருக்கிறது, கம்ப்ரஷன் 260. அதனால் 3எல் போட்டாச்சு. வேன் என்ஜின்தான், சம்ப் மாற்றினோம். ரேடியேட்டரைக் கழற்றியபோது முன்பக்கம் சேறும் செம்பனை நாரும் அப்பிப் பாதிக்கு மேல் மூடியிருந்தது, விரல் நகத்தால் சுரண்டி எடுத்தேன். முந்தாநாள் முழு ஏற்றத்தோடு ரேம்ப் போய் வந்தேன், சூட்டு முள் நடுவைத் தாண்டவில்லை. எல்லோருக்கும் நன்றி.

பழைய ஃபோர்மன்
260 என்றால் மாற்றியது சரி. இனி மாதம் ஒருமுறை ரேடியேட்டருக்குப் பின்பக்கத்திலிருந்து முன்பக்கமாகத் தண்ணீர் அடி. பழைய 2எல் பம்பைத் தூக்கிப் போடாதே, உதவும்.

ரோடு டேக்ஸ் அக்கா
சந்தோஷம் தம்பி. ஜேபிஜே வேலை முடிந்ததா? சுங்கப் பத்திரம் கொடுத்தார்களா?

நடுத்தோட்டம்
என்ஜின் என்ன விலைக்குக் கிடைத்தது என்றும் சொல்லுங்கள். சுங்காய் பக்கம் இன்னொருவர் 3எல் தேடிக்கொண்டிருக்கிறார்.