தொடக்கப் பள்ளியில் ஆலோசனை அறை: நம்ம ராமநாதபுரம் கடற்கரைக்கு எது சரிப்படும்? (அனுபவப் பகிர்வு)

தங்கச்சிமடம் ஆலோசகர்

பிள்ளைகள் மனசுவிட்டுப் பேசுகிற ஆலோசனை அறைக்கு என்ன வாங்குவது என்பதை அப்புறம் பார்க்கலாம். எந்த அறை என்பதுதான் முதல் கேள்வி. தலைமையாசிரியர் அறைக்குப் பக்கத்து அறை வேண்டாம். அந்தப் பக்கம் போகிற பிள்ளையைப் பார்த்தாலே "என்ன சேட்டை பண்ணுனே?" என்று மற்ற பிள்ளைகள் கேட்டுவிடும். சத்துணவுக் கூடத்துக்கு எதிரேயும் வேண்டாம், மதியம் பள்ளிக்கூடமே அங்கேதான் தட்டோடு நிற்கும். நூலகத்தை ஒட்டிய அறையோ வராண்டாவின் கடைசி அறையோ கிடைத்தால் விடாதீர்கள். புத்தகம் எடுக்கப் போகிற மாதிரி போய்வர வழியிருந்தால் பிள்ளைகள் கூப்பிடாமலே வரும். எத்தனை அழகுபடுத்தினாலும் இந்த மறைவு இல்லாத அறைக்குள் ஒரு பிள்ளையும் விரும்பிக் கால் வைக்காது.

10க்கு 12 அடி போதும். பெரிய கூடம்தான் இருக்கிறது என்றால் 4 அடி உயரப் புத்தக அலமாரியைக் குறுக்கே போட்டு ஒரு மூலையை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

உட்காரும் இடத்தில் கவனம் வேண்டும். பிள்ளையின் பாதம் முழுசாகத் தரையில் படியணும். 1, 2ஆம் வகுப்புக்கு 10 முதல் 11 அங்குல உயரம், 4, 5ஆம் வகுப்புக்கு 13 முதல் 14 அங்குலம். கால் தொங்கினால் சும்மா ஆட்டிக்கொண்டே இருக்கும், பேச்சு நிலைக்காது. நீங்களும் அதே உயரத்தில்தான் உட்காரணும். மேசை நடுவில் வரவே கூடாது. நேருக்கு நேராகவும் வேண்டாம், 'ட' எழுத்து மாதிரி இரண்டு இருக்கையையும் போட்டால், பார்க்க நினைக்கும்போது உங்கள் முகத்தைப் பார்க்கலாம், வேண்டாதபோது கையில் இருக்கிற களிமண்ணைப் பார்க்கலாம். பிள்ளையின் முதுகுக்குப் பின்னால் சுவர், கண்ணுக்கு எதிரே கதவு. அந்தக் கதவுக்கும் பிள்ளைக்கும் நடுவில் நீங்கள் உட்காரக் கூடாது.

கதவுக்கு வெளித்தாழ்ப்பாள் இருந்தால் கழற்றிவிடுங்கள். ஏர்வாடியில் 2001 ஆகஸ்ட் 6 அன்று மனநலக் காப்பகத்தில் தீப்பிடித்து, சங்கிலியில் கட்டிவைக்கப்பட்டிருந்த 28 பேர் இறந்துபோனார்கள். இந்த மாவட்டத்தில் பல வீடுகளில் 'மனநலம்' என்றதும் பூட்டும் சங்கிலியும்தான் ஞாபகத்துக்கு வரும். அதனால் பலகையில் 'மனநல ஆலோசனை' என்று எழுதினால் பிள்ளையைக் கேலி செய்வார்கள், பெற்றோரும் பயந்துபோவார்கள். 'பேச்சு அறை' என்றோ 'கதை அறை' என்றோ எழுதினால் போதும்.

மண்டபம், மரவேலையும் அறை அமைப்பும்

ஆலோசகர் அக்கா உட்காருகிற இடத்தைச் சொல்லிட்டாங்க, மண்டபம் ஊரில் மரவேலை செய்கிற நான் உப்பைப் பற்றிச் சொல்றேன். நம்ம பக்கம் சுவரில் முதல் 3 அடிக்கு உப்புப் பூக்காத பழைய கட்டடமே அபூர்வம். ஈரம் அடியிலிருந்து ஏறும், வரும்போது உப்பையும் சேர்த்துக் கொண்டுவரும். அதன் மேல் எண்ணெய் பெயின்ட் அடித்தால் உள்ளே இருக்கிற ஈரம் வெளியேற முடியாமல் கொப்புளம் கொப்புளமாக எழும்பும். பிள்ளைங்க கை சும்மா இருக்காது, உரித்து எடுத்துரும். கிளிஞ்சல் சுண்ணாம்பை முந்தின நாளே ஊறவைத்து வடிகட்டி, மெல்லிசாக 3 கை அடிங்க. சுவர் மூச்சு விடும். பூத்த உப்பைக் காய்ந்த பிரஷ்ஷால் தட்டி எடுக்கணும், தண்ணீர் விட்டுக் கழுவக் கூடாது. கழுவின தண்ணீரோடு உப்பு திரும்ப உள்ளே போகும், காயும்போது மறுபடி பூக்கும்.

சுண்ணாம்பில் ஒரு சிக்கல் உண்டு. சாய்ந்து உட்கார்ந்த பிள்ளையின் சட்டை முதுகில் வெள்ளையாக ஒட்டிக்கும். வகுப்புக்குத் திரும்பினதும் எங்கே போய் வந்தான் என்று எல்லாருக்கும் தெரிஞ்சுரும். அதனால் இருக்கைக்குப் பின்னால் மட்டும் 1 அங்குல ரீப்பரை (மரச் சட்டத்தை) சுவரில் அடித்து, அதன் மேல் பனையோலைப் பாயைக் கட்டுங்க. சுவருக்கும் பாய்க்கும் நடுவில் அந்த 1 அங்குலக் காற்றிடம் கட்டாயம் வேணும். சுவரோடு ஒட்டினால் ஒரு மழைக்காலத்திலேயே பூஞ்சை பிடிச்சு நாறும். பாயை அவிழ்த்து வெயிலில் போட வசதியாக ஆணி அடிக்காமல் கயிற்றால் கட்டுறது நல்லது.

சாதாரண இரும்பு ஆணி, குண்டூசி எதுவும் வேண்டாம். ஊசி துருப்பிடிச்சு படத்தில் செம்பழுப்பாக ஒழுகி நிற்கும். கயிறு கட்டி மரக் கிளிப்பில் படத்தை மாட்டுங்க. கீலுக்கும் திருகுக்கும் பித்தளை, இல்லைன்னா துருப்பிடிக்காத எஃகு. எஃகிலும் 304 ரகம் கடலுக்குப் பக்கத்தில் பழுப்புப் புள்ளி விடும், 316 ரகம் தாங்கும். லேமினேட் பண்ணின அட்டையில் காகிதத்துக்கு வெளியே சுற்றிலும் 1 செ.மீ. ஓரம் விட்டு வெட்டுங்க. காகிதத்தோடு ஒட்ட வெட்டினால் அந்த விளிம்பு வழியாகவே ஈரம் ஏறிடும்.

கச்சான் காற்று பலமாக வீசுகிற காலத்தில் தொங்கவிடுகிற அலங்காரம் எதுவும் சரிப்படாது. சிப்பி மாலை, மணி, காகிதத் தோரணம் எல்லாம் நாள் முழுக்கச் சுவரில் அடிச்சுக்கிட்டே இருக்கும். திடுக்கிடுகிற பிள்ளைக்கு அந்தச் சத்தமே போதும்.

கீழக்கரை டீச்சர்

சுவரில் என்ன எழுதுறோம் என்பதில் பலரும் சறுக்குகிற இடம் ஒன்று இருக்கு. 'நீ சொல்வது நமக்குள் ரகசியம், யாரிடமும் சொல்ல மாட்டோம்' என்று அழகாக எழுதி ஒட்டிவிடுறாங்க. அப்படி எழுதக் கூடாது. பாலியல் துன்புறுத்தல் என்று தெரியவந்தால் 2012ஆம் ஆண்டு போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவுப்படி காவல்துறைக்குத் தெரிவித்தே ஆகணும். சுவரில் ஒன்று எழுதிவிட்டு நாம் வேறொன்று செய்தால் அந்தப் பிள்ளை அப்புறம் யாரையும் நம்பாது. 'நீ சொல்வதை ஊரெல்லாம் சொல்ல மாட்டோம். உனக்கு ஆபத்து என்றால் மட்டும், உன்னைக் காப்பாற்ற வேண்டியவர்களிடம் சொல்வோம்' என்று எழுதுங்க. எழுத்துக்கூட்டி வாசிக்காத பிள்ளைக்கு முதல் நாளே வாயால் சொல்லிவிடுங்க. குழந்தைகள் உதவி எண் 1098ஐ அறைக்குள்ளே ஒட்டினால் பாதிப் பயன்தான். வெளியே வராண்டாவில், தரையிலிருந்து 3 அடி உயரத்தில் ஒட்டணும். உள்ளே வரத் தயங்குகிற பிள்ளைக்குத்தான் அது முதலில் வேணும்.

அடுத்தது, பிள்ளைகள் வரைந்த படத்தைச் சுவரில் மாட்டுகிற பழக்கம். வகுப்பறையில் அது சரி. இந்த அறையில் வரைந்தது இந்த அறைச் சுவரில் ஏறவே கூடாது. ஒரு பிள்ளை வீட்டுச் சண்டையை வரைந்திருக்கும், அடுத்து வருகிற பிள்ளை "இது அவன் வீடு" என்று அடையாளம் சொல்லிவிடும். வரைந்ததை உறையில் போட்டு, பெயர் எழுதாமல் எண் போட்டு, பூட்டுகிற பெட்டியில் வையுங்க. வேப்பிலையைக் காயவைத்து நடுவில் போட்டால் பூச்சி அண்டாது.

முகபாவ அட்டையில் 1, 2ஆம் வகுப்புக்கு 5 முகம் போதும். சிரிப்பு, அழுகை, கோவம், பயம் நாலோடு ஐந்தாவதாக 'வயிறு வலிக்குது' என்று ஒரு முகம் வையுங்க. சின்னப் பிள்ளைகள் பயத்தை வயிற்றுவலி என்றுதான் சொல்லும். ஒரு முகமும் எடுக்காமல் அட்டையைக் கவிழ்த்து வைக்கிற பிள்ளையும் உண்டு. அதுவும் பதில்தான், வற்புறுத்தாதீங்க.

பொம்மைக் குடும்பத்துக்கு அப்பா, அம்மா, இரண்டு பிள்ளை மட்டும் போதாது. நம்ம பக்கம் முஸ்லிம் வீடுகளில் வாப்பா (அப்பா) வெளிநாட்டில் இருப்பார், வீட்டில் உம்மாவும் (அம்மா) உம்மம்மாவும் (அம்மாவின் அம்மா) ராத்தாவும் (அக்கா) மாமியும் இருப்பாங்க. கடலோர ஊர்களில் அப்பத்தாவிடம் வளர்கிற பிள்ளை உண்டு. 8 முதல் 10 பொம்மை, கைக்குழந்தை ஒன்று, வயசான பெண் இரண்டு, ஆண் மூன்று என்று இருக்கணும். பழைய பருத்திச் சேலையில் பஞ்சு திணித்து 6 அங்குலத்தில் தைத்தால் துவைக்கலாம். பெயர் வைக்காதீங்க, யார் யார் என்று பிள்ளையே சொல்லட்டும்.

சாமி படம், பிறை, சிலுவை எதுவும் சுவரில் வேண்டாம். கடைக்காரர் கொடுத்த காலண்டர்கூட வேண்டாம். எல்லா வீட்டுப் பிள்ளையும் வருகிற இடம். சுவருக்குக் கட்சிக் கொடி நிறமும் கூடாது, இளம் சந்தன நிறம் போதும்.

தொண்டி தலைமையாசிரியர்

எங்கள் ஊரில் பெற்றோர் சுவர் முழுக்கக் கடல், படகு, மீன் வரைந்து தருவதாகச் சொல்கிறார்கள். நம்ம பிள்ளைகளுக்குப் பழகின காட்சிதானே, சரிதானே?

தங்கச்சிமடம் ஆலோசகர்

சார், அவர்கள் மனசு பெரிசு. வெளிச்சுவரில் வரையச் சொல்லுங்கள், அறைக்குள்ளே வேண்டாம். கடலுக்குப் போக விசைப்படகு டோக்கன் (அனுமதிச் சீட்டு) வாங்கிப் போன மறுநாள் காலையில் அப்பா கரைக்கு வந்தாரா என்று தெரியாமலே பள்ளிக்கு வருகிற பிள்ளைகள் நம்மிடம் உண்டு. இலங்கைக் கடற்படை பிடித்துக்கொண்டு போன படகில் அப்பாவோ சித்தப்பாவோ இருந்த பிள்ளைகள் உண்டு. அலையில் போனவர் திரும்பாத வீடும் உண்டு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலத்தில் அப்பா வீட்டில் இருப்பார். பள்ளி திறக்கிற சமயத்தில்தான் மறுபடி கடலுக்குப் போவார். ஜூன் மாதம் முதல் வகுப்புப் பிள்ளை அழுவதற்குப் பள்ளிக்கூடம் மட்டும் காரணம் இல்லை. அப்படி வருகிற பிள்ளையைச் சுவர் நிறையக் கடலுக்கு எதிரே உட்காரவைத்தால், பேசவேண்டியதை நாமே எடுத்துக் கொடுத்த மாதிரி ஆகிவிடும். கடல், மணலும் குட்டிப் பொம்மைகளும் வைத்துப் பிள்ளை விளையாடுகிற மணல் தட்டுக்குள் இருக்கட்டும். அங்கே பிள்ளை தானே படகை எடுக்கும், வேண்டாம் என்றால் எடுக்காது. சுவரில் பனைமரம், கண்மாய், கொக்கு, ஆடு போதும். அதுவும் ஒரே ஒரு சுவரில்.

இன்னொன்று, அலமாரித் தட்டில் செய்தித்தாள் விரிக்காதீர்கள். கைதான மீனவர்களின் பெயர்ப் பட்டியலும் படமும் அதில்தான் வரும். பொம்மை எடுக்கக் குனிகிற பிள்ளை கண்ணில் சொந்தக்காரர் பெயர் படும். பழுப்புத் தாளோ பழைய துணியோ விரியுங்கள்.

மண்டபம், மரவேலையும் அறை அமைப்பும்

மணல் தட்டுக்கு அளவு: நீளம் 72 செ.மீ., அகலம் 50 செ.மீ., ஆழம் 7 செ.மீ. மணல் விளையாட்டுச் சிகிச்சையை உருவாக்கின டோரா கால்ஃப் வழியில் உலகம் முழுக்கப் புழங்குகிற அளவு இதுதான். அதற்கு முன்னால் லண்டனில் குழந்தை மருத்துவர் மார்கரெட் லோவன்ஃபெல்ட் 1929இலேயே மணலும் குட்டிப் பொம்மையும் வைத்து ஆரம்பிச்சிருந்தார். தலையைத் திருப்பாமல் முழுத் தட்டும் கண்ணுக்குள் அடங்கணும் என்பதுதான் அளவுக்குக் காரணம். உள்பக்கம் முழுக்க நீல பெயின்ட். மணலை ஒதுக்கினால் தண்ணீர் தெரிகிற மாதிரி இருக்கும். 12 மி.மீ. பிளைவுட், மூலையில் பித்தளைத் திருகு. பாதி ஆழத்துக்கு நிரப்பினாலே 20 கிலோ மணல் பிடிக்கும், அதனால் ஒரே இடத்தில் 1 அடி உயரப் பலகை மேல் நிரந்தரமாக வச்சிருங்க.

கடற்கரை மணலை அள்ளிப் போடாதீங்க. உப்பு காற்றிலிருக்கிற ஈரத்தை இழுத்துக் கட்டி கட்டியாகும், கையில் கீறல் இருந்தால் எரியும். கட்டுமானத்துக்கு விற்கிற மணலை வாங்கி, நல்ல தண்ணீரில் கலங்கல் போகும்வரை அலசி, வெயிலில் காயவைத்து, மாவு சல்லடையில் சலிங்க. மாதம் ஒரு தடவை மறுபடி காயப்போடணும்.

குட்டிப் பொருளுக்குக் கரையில் கிடைக்கிற சிப்பி சரி. பவளத் துண்டும் காய்ந்த கடல்குதிரையும் கூடவே கூடாது. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் இரண்டுமே வருது, பள்ளிக்கூடத்தில் இருந்தாலும் குற்றம்தான். நாட்டுப்படகு, விசைப்படகு, வலைத் துண்டு, வீடு, ஆடு, போலீஸ்காரர் எல்லாம் வையுங்க. கடற்படைக் கப்பல் மாதிரி சாம்பல் நிறத்தில் ஒரு பெரிய கப்பலும் செஞ்சு தர்றேன், பிள்ளைங்க அதைத் தேடும்.

தங்கச்சிமடம் ஆலோசகர்

அந்தச் சாம்பல் கப்பல் அவசியம்தான் தம்பி. பிள்ளை அதை மணலில் புதைத்தால் "ஏன் புதைச்சே?" என்று கேட்கக் கூடாது. "கப்பல் மணலுக்குள்ள போயிருச்சு" என்று பார்த்ததை மட்டும் சொல்லிவிட்டு இருங்கள். படகைப் புதைத்தாலும் அப்படியே. பிள்ளை போனபிறகுதான் தட்டைக் கலைக்கணும்.

கீழக்கரை டீச்சர்

சத்தம் பற்றி யாரும் சொல்லலையே. ஓட்டுக் கட்டடத்தில் நடுச்சுவர் கூரைவரை போகாது, மேலே இடைவெளி இருக்கும். பக்கத்து வகுப்பில் வாய்ப்பாடு சொல்வது இங்கே கேட்டால், இங்கே அழுவது அங்கே கேட்கும். பிளைவுட் வைத்து அடைத்து, உள்பக்கம் பழைய ஜமுக்காளத்தை இரண்டு மடிப்பாகத் தொங்கவிடுங்க. கதவுக்கு வெளியே ஒரு மேசை விசிறி ஓடினால் பேச்சு வெளியே தெளிவாகக் கேட்காது.

கதவுக்குப் பக்கத்தில் மூடி போட்ட குழாய் வாளியில் நல்ல தண்ணீர், ஒரு துண்டு, 3 அடி உயரத்தில் சின்னக் கண்ணாடி. அழுத முகத்தோடு வகுப்புக்குப் போகச் சொல்லாதீங்க. முகம் கழுவி, கண் சிவப்பு அடங்க 5 நிமிஷம் விடுங்க. அந்த 5 நிமிஷத்தையும் நேரக் கணக்கில் சேர்த்தே வகுப்பு ஆசிரியரிடம் பிள்ளையைக் கேட்டு வாங்குங்க.

தொண்டி தலைமையாசிரியர்

பயனுள்ள தகவல்கள். ஒன்று நான் சேர்க்கிறேன். நம் பள்ளிகள் தேர்தலுக்கு வாக்குச்சாவடி, ஐப்பசி கார்த்திகையில் புயல் எச்சரிக்கை வந்தால் ஊர் மக்கள் தங்குகிற இடம். எந்த நேரமும் அறையைக் காலி செய்யச் சொல்வார்கள். அதனால் பொம்மை, அட்டை, களிமண் வாளி, வண்ணப் பென்சில் எல்லாம் மூடியுள்ள 2 பிளாஸ்டிக் பெட்டிக்குள் அடங்கணும். பிள்ளைகளின் உறைகள் இருக்கிற பூட்டுப் பெட்டி முதலில் வெளியேறணும். அது எங்கே போகும், சாவி யாரிடம் என்பதை ஆலோசகரும் தலைமையாசிரியரும் செப்டம்பருக்குள் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். மணல் தட்டை நகர்த்த முடியாது, மேலே பலகையைப் போட்டு மூடிவிட்டால் யாரும் அதில் சாமான் கொட்ட மாட்டார்கள். மண்டபம் தம்பி, தட்டோடு அந்த மூடியையும் சேர்த்தே செய்து தரமுடியுமா?

மண்டபம், மரவேலையும் அறை அமைப்பும்

தர்றேன் சார். 9 மி.மீ. பிளைவுட் போதும், இரண்டு துண்டாக வெட்டி நடுவில் பித்தளைக் கீல் வைத்தால் ஒரு ஆளே தூக்கிடலாம். மூடியில் காற்றுக்கு நாலு ஓட்டை போட்டுத் தர்றேன், இல்லைன்னா உள்ளே மணல் வேர்த்துரும்.