ஏரிக்கரை வீட்டுக்கு கோல்ஃப் கார்ட்: சரிவை அளந்துவிட்டு வண்டியைப் பாருங்கள்

(ஒரு கேள்வியும் அதற்கு வந்த பதில்களும். ஒவ்வொரு பதிவின் மேலேயும் இருப்பது எழுதியவரின் புனைபெயர்.)

ஹார்ட்வெல் கரை

தெற்கு கரோலினாவுக்கும் ஜார்ஜியாவுக்கும் நடுவே உள்ள ஹார்ட்வெல் ஏரி. வீட்டு வாசலிலிருந்து படகுத்துறை வரை பாதை 140 மீட்டர், மொத்த இறக்கம் 18 மீட்டர். நடுவில் 30 மீட்டர் மட்டும் நல்ல செங்குத்து, அங்கே 20 சதவீதம் வருகிறது. செம்மண் தரை, மேலே சரளை. நான்கு பேர், ஐஸ் பெட்டி, லைஃப் ஜாக்கெட், சில நாள் பெட்ரோல் கேன். வெள்ளி மாலை வந்து ஞாயிறு திரும்பும் வீடு. டிசம்பர் முதல் பிப்ரவரி வரை பூட்டியே கிடக்கும். கடைகளில் எல்லாரும் ஒரு சார்ஜுக்கு எத்தனை மைல் என்றுதான் பேச்சைத் தொடங்குகிறார்கள். ஏரிக்கரையில் இந்த வண்டிகளோடு பழகியவர்கள் முதலில் எதைப் பார்ப்பீர்கள், எது கெடும், ஏன் கெடும் என்று எழுதுங்கள்.

பட்டறை

மைல் கணக்கு உங்களுக்குத் தேவையே இல்லை. வண்டியும் நான்கு பேரும் சேர்ந்து 750 கிலோ என்று வையுங்கள். 18 மீட்டர் மேலே ஏற்ற 37 வாட்-அவர் போதும். இழப்பையெல்லாம் கூட்டி 70 என்றே எடுத்துக்கொண்டாலும், 48 வோல்ட், 170 ஆம்பியர்-அவர் பேட்டரித் தொகுப்பில் இருப்பது சுமார் 8,000 வாட்-அவர். நாள் முழுக்க ஏறி இறங்கினாலும் தீராது.

தீர்மானிப்பது அந்த 30 மீட்டர்தான். 20 சதவீத ஏற்றத்தில் அதே 750 கிலோவை மணிக்கு 8 கிலோமீட்டர் வேகத்தில் இழுக்க 5 கிலோவாட் வேண்டும். 48 வோல்ட் வண்டியில் அது சுமார் 110 ஆம்பியர், 36 வோல்ட் வண்டியில் 140க்கு மேல். ஒரே தடிமன் கேபிளில் சூடு ஆம்பியரின் வர்க்கத்தில் ஏறும், அதாவது 36 வோல்ட்டில் முக்கால் பங்குக்கும் மேல் கூடுதல் சூடு. பேட்டரி முனை உருகுவது, சொலினாய்டு (மோட்டாருக்கு மின்சாரத்தை இணைக்கும் காந்த சுவிட்ச்) ஒட்டிக்கொள்வது எல்லாம் இங்கிருந்து வருகிறவை. சமதரைக்கு 36 வோல்ட் நல்ல வண்டிதான். உங்கள் பாதைக்கு 48க்குக் கீழே பார்க்காதீர்கள்.

சரிவை நீங்களே ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். 120 சென்டிமீட்டர் நீளமுள்ள ஒரு நேர்ப்பலகையின் ஒரு முனையை மேட்டில் வைத்து, ரசமட்டம் பார்த்துக் கிடையாகப் பிடியுங்கள். மறுமுனைக்கும் தரைக்கும் இடைவெளி 24 சென்டிமீட்டர் என்றால் 20 சதவீதம். மிகச் செங்குத்தான இடத்தின் அளவுதான் கணக்கு, சராசரி உதவாது. கையேடுகள் பொதுவாக 20 முதல் 25 சதவீதத்தோடு நிறுத்திவிடுகின்றன. அதைத் தாண்டினால் வண்டியை மாற்றிப் பயனில்லை, பாதையை வளைத்து நீட்டவேண்டும்.

கரை அனுமதி

பட்டறை சொன்னதற்கும் முன்னால் ஒன்று இருக்கிறது. ஹார்ட்வெல்லில் உங்கள் மனைக்கும் தண்ணீருக்கும் நடுவே உள்ள பட்டை நிலம் அமெரிக்க ராணுவப் பொறியாளர் படையுடையது, சவன்னா மாவட்ட அலுவலகத்தின் நிர்வாகம். அந்தப் படையின் நிலத்தில் அனுமதித்த சாலையை விட்டு விலகி வண்டி ஓட்டுவதும் நிறுத்துவதும் கூட்டரசு விதிப்படி தடை. பாதையின் கடைசிப் பகுதி அந்த நிலத்தில் வருகிறதா என்று எல்லைக் குறிகளைப் பாருங்கள். வந்தால், வண்டிக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன்பே ஏரி அலுவலகத்தில் எழுத்துமூலம் கேட்டுவிடுங்கள். முந்தைய வீட்டுக்காரர் ஓட்டினார் என்பது அனுமதி ஆகாது. எல்லை வரை வண்டி, அதற்குப் பிறகு நடை என்று ஆகிவிட்டால் செங்குத்துப் பகுதியே பாதையில் இல்லாமல் போகலாம். அப்போது வேண்டிய வண்டியும் வேறு.

ஊர்ச்சாலையில் ஓட்டும் எண்ணம் இருந்தால்: தெற்கு கரோலினாவில் அனுமதி ஒட்டி வேண்டும், ஓட்டுபவருக்கு 16 வயதும் உரிமமும் வேண்டும், மணிக்கு 35 மைல் அல்லது அதற்குக் குறைந்த வேக எல்லையுள்ள சாலையில், பதிவு முகவரியிலிருந்து 4 மைலுக்குள், பொதுவாகப் பகலில் மட்டும். ஜார்ஜியா கரையில் அந்தந்த ஊராட்சியின் விதி. 'சாலைக்கு ஏற்றது' என்று விளம்பரத்தில் இருந்தால் 17 இலக்க வண்டி அடையாள எண் இருக்கிறதா என்று பாருங்கள். விளக்கும் கண்ணாடியும் மாட்டியதால் மட்டும் கோல்ஃப் கார்ட் மணிக்கு 25 மைல் வரை ஓடும் சாலைக்கான குறைவேக வண்டி ஆகிவிடாது.

இறக்கம்

ஏற்றத்தில் வண்டி திணறினால் அலுப்பு, அவ்வளவுதான். இறக்கத்தில் திணறினால் கீழே தண்ணீர். பலர் இதைக் கடைசியில் யோசிக்கிறார்கள், அது எனக்குக் கவலையாக இருக்கிறது.

வழக்கமான கோல்ஃப் கார்ட்டில் பிரேக் பின்சக்கரங்களில் மட்டும்தான். கேபிள் இழுக்கும் டிரம் பிரேக், ஹைட்ராலிக் கிடையாது. ஈரச் செம்மண் டிரம்முக்குள் போய்க் காய்ந்தால் லைனிங் சீவப்படும், கேபிள் உறைக்குள் துரு ஏறினால் ஒரு பக்கம் மட்டும் பிடிக்கும். ஆகவே மோட்டாரே வண்டியைப் பிடித்து இறக்கவேண்டும். பழைய சீரீஸ் டிசி மோட்டார் அதைச் செய்யாது. மிதியிலிருந்து காலை எடுத்தால் சைக்கிள் போல உருளும். தனித்தூண்டல் வகை டிசி மோட்டாரும் ஏசி மோட்டாரும் கன்ட்ரோலர் (மோட்டாருக்குப் போகும் மின்சாரத்தை ஆளும் பெட்டி) வழியாக வேகத்தைக் கட்டுப்படுத்தும், கொஞ்சம் மின்சாரத்தைப் பேட்டரிக்குத் திருப்பியும் கொடுக்கும். எது என்று விற்பவரிடம் கேட்பதைவிட இறக்கத்தில் ஓட்டிப் பாருங்கள். காலை எடுத்ததும் வேகம் ஒரு அளவில் நின்றால் பிடிக்கிறது, ஏறிக்கொண்டே போனால் பிடிக்கவில்லை.

ஈ-இசட்-கோ நிறுவனத்தின் ஆர்எக்ஸ்வி என்ற மின்சார வண்டி 2008 முதலே ஏசி மோட்டாரோடு வருகிறது. நின்றதும் தானாக விழும் மின்காந்தப் பார்க்கிங் பிரேக்கும் உண்டு. சரிவில் நிறுத்தி இறங்கும் வீட்டுக்கு இது பெரிய நிம்மதி. மற்ற வண்டிகளில் பார்க்கிங் மிதியை நான்கு பேர் எடையோடு அந்த 20 சதவீதத்திலேயே சோதித்துப் பாருங்கள். காலி வண்டியில் பிடித்தது எடையில் வழுக்கும்.

இன்னொன்று, ஏற்றத்தில் பாதியில் நிற்கவேண்டி வந்தால் பிரேக்கை மிதியுங்கள். ஆக்ஸிலேட்டரை லேசாக மிதித்தே வண்டியைப் பிடித்து வைத்தால், சுழலாத டிசி மோட்டாரில் கம்யூட்டேட்டரின் (சுழலும் சுருளுக்கு மின்சாரம் கொடுக்கும் செம்பு வளையம்) ஒரே இரண்டு பட்டைகள் வழியாக முழு மின்சாரமும் போகும். சில விநாடிகளில் கருகிவிடும்.

டயர் அளவு

உயர்த்திய சேஸி (அடிச்சட்டம்), பெரிய டயர் என்று ஆசைப்படுகிறவர்களுக்காக. தொழிற்சாலை டயர் பெரும்பாலும் 18 அங்குல உயரம். 22 அங்குலம் போட்டால் தரையில் கிடைக்கும் இழுவை 18 சதவீதம் குறையும். பல் விகிதத்தை மாற்றியது போலத்தான். பிரேக் பிடிப்பும் அதே 18 சதவீதம் குறையும், அதை யாரும் சொல்வதில்லை. ஈர்ப்பு மையமும் மேலே போகும். பாதை சரிவுக்குக் குறுக்கே ஓடும் இடத்தில் கவிழும் வாய்ப்பு அப்போது கூடுகிறது.

சரளைக்கும் செம்மண்ணுக்கும் உயர்த்தாத வண்டியில் பொருந்துகிற, பள்ளம் நிறைந்த ஆல்-டெரெய்ன் டயர் போதும். காற்றழுத்தம் டயர் பக்கவாட்டில் அச்சிட்ட எல்லைக்குள், 18 முதல் 20 பிஎஸ்ஐ.

பின்னோக்கி உட்காரும் இருக்கையையும் யோசியுங்கள். அதில் இருவர் உட்கார்ந்தால் எடை பின் அச்சுக்கு வெளியே விழுகிறது. கடும் ஏற்றத்தில் முன்சக்கரம் லேசாகி ஸ்டியரிங் சொன்னபடி கேட்காது. சட்டெனக் கிளம்பினால் குழந்தைகள் சரிவு பக்கமாகவே விழுவார்கள். அந்த 30 மீட்டரில் பின்னிருக்கையில் ஐஸ் பெட்டி வரட்டும், குழந்தைகள் முன்னால் வரட்டும் அல்லது நடக்கட்டும்.

ஹார்ட்வெல் கரை

நன்றி. சரிவு 20க்கு மேல் போகவில்லை. எல்லைக் குறிகளையும் பார்க்கிறேன். வீடு மூன்று மாதம் பூட்டிக் கிடக்கும் என்றால் ஈய பேட்டரியா, லித்தியமா, பெட்ரோலா?

அமிலமும் தண்ணீரும்

மூன்றுக்கும் வெவ்வேறு விதமான வேலை.

ஈய பேட்டரி: 48 வோல்ட்டுக்கு ஆறு 8 வோல்ட் அல்லது நான்கு 12 வோல்ட். ஆறு 8 வோல்ட் சேர்ந்தால் 170 கிலோ. தட்டு மூழ்கும் அளவுக்குத் தண்ணீர் இருந்தால் சார்ஜ் முடிந்த பிறகே டிஸ்டில்ட் வாட்டர் ஊற்றுங்கள், முன்பே நிரப்பினால் பொங்கி அமிலம் வழிந்து சேஸியைத் தின்னும். தட்டு வெளியே தெரிந்தால் மட்டும், சார்ஜுக்கு முன் அது மூழ்கும் அளவு ஊற்றலாம். குளிர்காலத்துக்கு முழு சார்ஜில் விட்டுப் போகவேண்டும். இறங்கிய பேட்டரியின் திரவம் மைனஸ் 7 டிகிரி வாக்கில் உறைந்து பெட்டி பிளந்துவிடும், முழு சார்ஜில் உறையாது. ரன்/டோ சுவிட்சை (ஓட்டுவதற்கு ரன், கட்டி இழுப்பதற்கு டோ) டோவில் வையுங்கள், இல்லையென்றால் கன்ட்ரோலர் சொட்டுச் சொட்டாகக் குடித்துக்கொண்டே இருக்கும். அப்படி மிகவும் இறங்கிவிட்ட தொகுப்பைப் பல தானியங்கி சார்ஜர்கள் அடையாளமே காணாது, மார்ச்சில் சார்ஜர் கெட்டுவிட்டது என்று தோன்றும்.

லித்தியம் இரும்பு பாஸ்பேட்: எடை ஈயத்தில் மூன்றில் ஒரு பங்கு போல, தண்ணீர் வேலை இல்லை. பூட்டிப் போகும்போது 50, 60 சதவீதத்தில் விட்டுத் துண்டித்தால் போதும். வார இறுதி வீட்டுக்கு நான் இதையே சொல்வேன், இரண்டு விஷயம் தெரிந்திருந்தால். முதலாவது, பூஜ்யம் டிகிரிக்குக் கீழே சார்ஜ் ஏற்றக்கூடாது. பேட்டரிக்குள் இருக்கும் பாதுகாப்புச் சுற்றான பிஎம்எஸ் தடுக்கும், தடுக்காத மலிவுத் தொகுப்பில் செல் நிரந்தரமாகக் கெடும். இரண்டாவது உங்களைப் போல வீடு மேலேயும் தண்ணீர் கீழேயும் இருப்பவர்களுக்கு மட்டும் வருவது. இரவு 100 சதவீதம் சார்ஜ், காலையில் முதல் ஓட்டமே இறக்கம். மோட்டார் திருப்பித் தரும் மின்சாரத்துக்குப் பேட்டரியில் இடமில்லை, அதிக வோல்ட் என்று பிஎம்எஸ் துண்டித்துவிடும். மோட்டார் பிடிப்பு சரிவின் நடுவில் போய்விடும். மின்காந்தப் பிரேக் உள்ள வண்டி என்றால் சட்டென நிற்கும். தொழிற்சாலையிலேயே லித்தியத்துக்கு அமைத்த வண்டியில் கன்ட்ரோலரும் பிஎம்எஸ்ஸும் பேசிக்கொள்ளும். பழைய வண்டியில் மாற்றிப் போடுபவர்கள் சார்ஜை 90 சதவீதத்தில் நிறுத்தும் வசதியைக் கேட்டு வாங்குங்கள். சார்ஜரையும் மாற்றவேண்டும், ஈயத்தின் சார்ஜர் இதற்கு ஆகாது.

பெட்ரோல்: ஏற்றத்துக்குக் குறையில்லை. ஆனால் மூன்று மாதம் நின்ற எத்தனால் கலந்த பெட்ரோல் கார்புரேட்டர் ஜெட்டை அடைக்கும். ஏரி மரினாக்களில் (படகு நிறுத்துமிடங்களில்) பெரும்பாலும் எத்தனால் இல்லாத பெட்ரோல் கிடைக்கும், அதையே ஊற்றி, பெட்ரோல் கெடாமல் காக்கும் ஸ்டெபிலைசர் சேர்த்துப் பத்து நிமிடம் ஓட்டி நிறுத்துங்கள். சத்தம் தண்ணீர் மேல் வெகுதூரம் போகும், எதிர்க்கரை வரை.

பட்டறை

பழைய வண்டி பார்க்கப் போகிறீர்கள் என்றால் மல்டிமீட்டர், டார்ச், ஒரு ஸ்க்ரூடிரைவர் எடுத்துப் போங்கள். கிளப் காரும் ஈ-இசட்-கோவும் உங்கள் ஏரியின் தண்ணீர் போகும் அதே சவன்னா ஆற்றின் கீழ்ப்பக்கம், ஆகஸ்டா வட்டாரத்து நிறுவனங்கள். யமஹா வண்டிகள் ஜார்ஜியாவின் நியூனனில் உருவாகின்றன. ஆகவே உதிரிபாகத்துக்கு மூன்றிலும் சிரமம் இல்லை. கிளப் காரின் சேஸி அலுமினியம், மற்ற இரண்டும் எஃகு. கடற்கரை ஊர்களில் உப்புக்காற்றில் ஓடிய வண்டிகள் இந்தப் பக்கம் நிறைய விற்பனைக்கு வரும். எஃகு சேஸி என்றால் பேட்டரி உட்காரும் தட்டின் கீழும் பின் ஸ்பிரிங் பிடிமானத்திலும் ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பாருங்கள். செதில் உதிர்ந்தால் விட்டுவிடுங்கள், பெயின்ட் எவ்வளவு பளபளத்தாலும் சரி.

பழைய சேஸியில் புது பாடி மாட்டி விற்பதும் உண்டு. கிளப் காரின் வரிசை எண்ணில் எழுத்துகளுக்குப் பிறகு வரும் முதல் இரண்டு இலக்கம் ஆண்டு, அடுத்த இரண்டு வாரம். விளம்பரத்தில் சொன்ன ஆண்டோடு ஒப்பிடுங்கள்.

பேட்டரியை சார்ஜரிலிருந்து எடுத்துச் சில மணி நேரம் ஆன பிறகு அளக்கவேண்டும். நல்ல 48 வோல்ட் ஈயத் தொகுப்பு 50.9 காட்டும், 48.4 என்றால் பாதிதான். அதைவிட முக்கியம், ஒருவர் ஏற்றத்தில் ஓட்ட, ஒவ்வொரு பேட்டரியாக அளப்பது. வண்டி நகரும்போது கையை உள்ளே விடவேண்டாம், வண்டி நிற்கும்போதே இருக்கையைத் தூக்கி மீட்டர் கம்பிகளைக் கிளிப்பால் மாட்டிவிடுங்கள். மற்றவற்றைவிட அரை வோல்ட்டுக்கு மேல் ஒன்று மட்டும் சரிந்தால் அதுதான் மொத்தத் தொகுப்பையும் இழுத்துக்கொண்டிருக்கிறது. ஐந்து பழையதோடு ஒரு புதிது போட்டுச் சமாளித்திருப்பதும் அப்போது தெரியும்.

விளக்கு, பாட்டுப்பெட்டி வயரைத் தொடர்ந்து பாருங்கள். ஒன்றிரண்டு பேட்டரியிலிருந்து மட்டும் 12 வோல்ட் எடுத்திருந்தால் அவை மட்டும் எப்போதும் பட்டினி. 48லிருந்து 12க்குக் குறைக்கும் தனிக் கருவி இருக்கவேண்டும்.

ஹார்ட்வெல் கரை

ஜெட் ஸ்கீ டிரெய்லரை இதே வண்டியால் தண்ணீரில் இறக்கலாமா?

இறக்கம்

வேண்டாம். படகு இறக்கும் தளங்கள் 12 முதல் 15 சதவீதச் சரிவு, கீழே பாசி. பின்சக்கரம் மட்டும் பிடிக்கும் வண்டி, அந்தச் சக்கரம் நிற்பது பாசியில். ஸ்கீயும் டிரெய்லரும் சேர்ந்தால் 450 கிலோவைத் தாண்டவும் கூடும். பின் அச்சு நனைந்தால் டிரம்முக்குள் தண்ணீர், மோட்டார் அங்கேயேதான் இருக்கிறது. சமதரையில் காலி டிரெய்லரை நகர்த்த வைத்துக்கொள்ளுங்கள், அதுவும் கையேட்டில் இழுவை எடை கொடுத்திருந்தால் மட்டும்.

அமிலமும் தண்ணீரும்

விட்டுப்போன ஒன்று, சாவி. ஒரே தயாரிப்பின் பல வண்டிகளுக்குப் பொதுச் சாவிதான். பூட்டிக் கிடக்கும் வீட்டில் சாவி சுவிட்சைத் தனிச்சாவி உள்ளதாக மாற்றுங்கள், பத்து நிமிட வேலை. வண்டியைப் படகுத்துறையில் விடாமல் மேலே ஷெட்டில் நிறுத்துங்கள். சார்ஜருக்குத் தனி 120 வோல்ட் இணைப்பு கொடுங்கள். நீட்டிப்பு வயர் தவிர்க்க முடியாவிட்டால் 12 கேஜ் மூன்று கம்பி. ஈய பேட்டரி என்றால் கதவின் மேல்பக்கம் காற்றுவழி வேண்டும், சார்ஜில் வெளியேறும் ஹைட்ரஜன் கூரையடியில்தான் சேரும்.