லேட்டரலைசேஷன்: பக்கவாட்டாக்கமா, பக்கச்சாய்வா?

கலைச்சொல் குழுவினருக்கு வணக்கம்.

மூளையின் இரு அரைக்கோளங்களில் ஒரு வேலை ஒன்றில் மேலோங்கி நடப்பதைக் குறிக்கும் லேட்டரலைசேஷனைப் பக்கவாட்டாக்கம் என்று எழுதுவது எனக்கு உடன்பாடில்லை. உடற்கூற்றியலில் பக்கவாட்டு என்றால் நடுக்கோட்டைவிட்டு விலகியது. அது இரு புறமும் உண்டு. இங்கே கேள்வியே எந்தப் புறம் என்பதுதான். பக்கப்பகிர்வு எனலாமா?

---

மறுமொழி:

ஐயா, பகிர்வு என்றால் வாசகர் பாகப்பிரிவினையே செய்துவிடுவார்: மொழி மொத்தமும் இடப்பக்கம், ஓவியம் மொத்தமும் வலப்பக்கம். "நீங்கள் வலது மூளைக்காரரா?" வகைத் துணுக்குகளுக்கு நாமே தீனி போடுவானேன்? வலக்கையர்களில் ஏறத்தாழ 95 விழுக்காட்டினருக்கும் இடக்கையர்களில் ஏறத்தாழ 70 விழுக்காட்டினருக்கும் மொழி இடப்பக்கம் மேலோங்குகிறது. அவர்களிலும் குரலின் ஏற்ற இறக்கத்திலிருந்து கோபத்தையும் கிண்டலையும் பிடிப்பதில் வலப்பக்கத்துக்குப் பெரும்பங்கு உண்டு. ஆகவே பக்கச்சாய்வு என்பேன். சாய்வுக்குத் திசையும் உண்டு, அளவும் உண்டு.

அளவைச் சொல்லும் லேட்டரலைசேஷன் இண்டெக்ஸைச் சாய்வெண் எனலாம். மூளையில் எந்தப் பகுதி செயல்படுகிறது என்று காட்டும் எஃப்.எம்.ஆர்.ஐ. படத்தில், மொழிப்பணியின்போது தூண்டப்பட்ட வாக்ஸல்களை (படத்தின் சிறு கனக்கட்டங்களை) எண்ணி, இடது கழித்தல் வலது, அதை இரண்டின் கூட்டுத்தொகையால் வகுக்க வேண்டும். +1 என்றால் முழுக்க இடது, −1 என்றால் முழுக்க வலது, −0.2 முதல் +0.2 வரை இருபக்கம் என்று கொள்வது வழக்கம். ஒரு சிக்கல்: தூண்டப்பட்டது என்று ஏற்பதற்கான புள்ளியியல் வரம்பை உயர்த்தினால் எஞ்சும் வாக்ஸல்கள் குறையும். சொற்பமே மிஞ்சும்போது சிறு இரைச்சல்கூட எண்ணைப் புரட்டிப்போடும். அதனால் பல வரம்புகளில் கணக்கிட்டுப் பார்ப்பதே சரி.

---

மறுமொழி:

சாய்வு எனக்கும் சம்மதம். ஆனால் இடச்சாய்வு என்று சுருக்காதீர்கள், தலம் என்ற பொருளிலான 'இடம்' குறுக்கே வரும். இடதுசாய்வு, வலதுசாய்வு என்றே இருக்கட்டும். பக்கச்சார்பு (ஒருதலைப்பட்சம்) வேறு சொல் என்பதையும் குறிப்பில் சேர்க்க வேண்டும், அச்சில் மாறிவிடும்.

சொல்லை ஒரு பத்தியில் ஓட்டிப் பார்த்தேன். மூளை ஆய்வாளர்கள் ரோஜர் ஸ்பெர்ரியும் மைக்கேல் கசனிகாவும் ஆராய்ந்த நோயாளிகளுக்கு, வலிப்பைக் கட்டுப்படுத்த அரைக்கோளங்களை இணைக்கும் நரம்பிழைக் கற்றை வெட்டப்பட்டிருந்தது. திரையின் நடுப்புள்ளியை உற்றுப் பார்க்கச் சொல்லி, அதற்கு இடப்புறம் ஒரு கரண்டிப் படத்தை நொடியின் சிறு பங்குக்கு மட்டும் காட்டுவார்கள். நேரம் நீண்டால் விழி நகர்ந்து இரு அரைக்கோளங்களும் பார்த்துவிடும். படம் வலது அரைக்கோளத்துக்கே போகிறது. பேச்சோ இடதுசாய்வு உடையது. "ஒன்றும் தெரியவில்லை" என்கிறது வாய். திரைக்குப் பின்னால், வலது அரைக்கோளம் இயக்கும் இடக்கை தடவித் தடவிக் கரண்டியை எடுத்துவிடுகிறது. பக்கப்பகிர்வு, பக்கவாட்டாக்கம் இரண்டையும் அதே வாக்கியத்தில் போட்டுப் பார்த்தேன், உட்காரவில்லை.

டாமினன்ஸுக்கு ஆதிக்கம் வேண்டாம், மேலோங்கல் போதும். மூளையின் வலது சுவர்மடல் (மேற்பின்பகுதி) அடிபட்டவர் தட்டின் இடப்பாதிச் சோற்றைக் கவனியாமல் விடுவார்; பார்வை பழுதில்லை, கவனம்தான் போயிற்று. கவனத்தில் வலது மேலோங்கல் என்றால் அங்கும் பொருந்துகிறது. பக்கச்சாய்வு, சாய்வெண், மேலோங்கல் மூன்றையும் பட்டியலில் ஏற்றுகிறேன். மறுப்பு இருந்தால் எடுத்துக்காட்டு வாக்கியத்தோடு எழுதுங்கள்.