எக்ஸாஸ்ட் ஸ்டட் ரெண்டு ஹெட்டுலயே ஒடிஞ்சிருச்சு: எஞ்சினை இறக்காம எடுக்க முடியுமா?

கேட்டவர்:
வணக்கம். என்னுடையது 1980கள் மாடல் கேம்பர் வேன். பெட்ரோல், வாட்டர் கூல்டு, எஞ்சின் பின்பக்கம், ஹெட் (சிலிண்டர்களை மூடற பகுதி) அலுமினியம். காலையில் ஸ்டார்ட் பண்ணும்போது எக்ஸாஸ்ட் பக்கம் டிக் டிக்னு சத்தம் வரும், வண்டி சூடானதும் அடங்கிடும். கேஸ்கெட் மாத்தலாம்னு மேனிஃபோல்டு (ஹெட்டுல இருந்து புகையை வெளியே கொண்டு போற குழாய்) நட்டுகளைக் கழட்ட ஆரம்பிச்சேன். எம்8 ஸ்டட் (ஹெட்டுல திருகியிருக்கற, தலையில்லாத 8 மி.மீ. போல்ட்) ரெண்டு ஒடிஞ்சிருச்சு. ஒன்னு வெளியே 6 மி.மீ. போல நீட்டிக்கிட்டு இருக்கு. இன்னொன்னு ஹெட்டோட மட்டத்துக்கே ஒடிஞ்சிருக்கு. கடைசி நட்டோட முனையெல்லாம் துருவுல கரைஞ்சு போச்சு, ஸ்பேனர் பிடிக்கல. மேனிஃபோல்டு இப்ப அது ஒன்னுலதான் தொங்குது.

எக்ஸ்ட்ராக்டர் செட் கையில இருக்கு. ஸ்டட் நடுவுல துளை போட்டு அதை இறக்கித் திருகி எடுக்கலாமா? எஞ்சினை இறக்காமலே முடியுமா? வேலை முடியற வரைக்கும் வேன்ல தூங்கலாமா?

பதில்:
தம்பி, கடைசிக் கேள்விக்கு முதல் பதில். தூங்கலாம், ஆனா எஞ்சினை ஓட்டவே கூடாது. மேனிஃபோல்டு கசிஞ்சா கார்பன் மோனாக்சைடு படுக்கைக்கு நேர் கீழேதான் வெளியேறும். அதுக்கு நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது. வேன்ல அதுக்கான அலாரம் இல்லைன்னா, இந்த ரிப்பேருக்கு முன்னாடி அதை வாங்கி மாட்டுங்க.

எக்ஸ்ட்ராக்டர் வேண்டாம், பெட்டியிலயே இருக்கட்டும். முழு 8 மி.மீ. ஸ்டட்டே அந்த முறுக்கைத் தாங்காம ஒடிஞ்சிருக்கு. அதுக்குள்ளே போடற சின்னத் துளையில நுழையற எக்ஸ்ட்ராக்டர் அதைவிட மெல்லிசு. அது உள்ளேயே உடைஞ்சா, கெட்டிப்படுத்தின எஃகுங்கறதால சாதாரண டிரில் பிட் அதுல ஏறாது. அப்புறம் ஹெட்டைக் கழட்டி ஸ்பார்க் எரோஷனுக்கு (மின்பொறியால உலோகத்தை அரிச்சு எடுக்கற வேலை) கொண்டு போகணும்.

கடைசி நட்டை முறுக்காதீங்க, நட் ஸ்ப்ளிட்டர் வச்சுப் பிளந்துடுங்க. ஸ்டட் பிழைச்சுக்கும்.

நீட்டிக்கிட்டு இருக்கறதுக்குச் சூடுதான் மருந்து. ஸ்டட்டைக் காய்ச்சாதீங்க, அதைச் சுத்தி இருக்கற அலுமினியத்தைக் காய்ச்சுங்க. ஒரே சூட்டுக்கு அலுமினியம் எஃகைவிட ஏறக்குறைய ரெண்டு மடங்கு விரியும், ஸ்டட்டோட பிடி தளரும். 150லிருந்து 200 டிகிரி போதும். அலுமினியம் எஃகு மாதிரி சிவந்து காட்டாது, நிறம் மாறாமலே உருகிடும். அதனால சுடரை ஒரே இடத்துல நிறுத்தாதீங்க. சூடா இருக்கும்போதே ஸ்டட்டோட அடியில மெழுகுவத்தியைத் தொட்டு வையுங்க, மெழுகு உருகி மரைக்குள்ளே இறங்கும். பிறகு வைஸ் கிரிப்பால (பூட்டிப் பிடிக்கற பிளையர்) பிடிச்சு ஒரு துளி கழட்டி, ஒரு துளி முறுக்கி, திரும்பவும் கழட்டுங்க. இறுகினா நிறுத்திட்டு மறுபடி சூடு காட்டுங்க.

பதில்:
மட்டமா ஒடிஞ்சதுக்கு வெல்டிங்தான் சரி. ஸ்டட் முனையைப் பளபளன்னு தேய்ச்சு, மேலே ஒரு வாஷர் வச்சு, அதன் ஓட்டை வழியா ஸ்டட்டோட சேர்த்து மிக் வெல்டு வையுங்க. அந்த வாஷர் மேல ஒரு நட்டை வச்சு வெல்டு பண்ணுங்க. எஃகு வெல்டு அலுமினியத்துல ஒட்டாது, அதனால ஹெட்டைப் பத்திப் பயப்பட வேண்டாம். வெல்டு செவப்பா இருக்கும்போதே திருகினா நட்டு பிய்ஞ்சு வந்துடும். கொஞ்சம் ஆற விடுங்க. சூட்டுல விரிஞ்ச ஸ்டட் ஆறும்போது சுருங்கும், துருவோட பிடிப்பு அப்பதான் விடும். நட்டு பிய்ஞ்சா மனசு விடாம அடுத்த நட்டை வையுங்க.

ஆனா இது கேம்பர் வேன். சமையல் கேஸ் சிலிண்டரை முதல்ல வெளியே எடுத்துத் தூரமா வையுங்க. பெட்ரோல் ஹோஸ் பழசா இருந்தா மாத்திட்டுத்தான் சூடு, வெல்டிங் எல்லாம். பேட்டரி ரெண்டு இருந்தா ரெண்டையும் கழட்டுங்க, ஆல்டர்னேட்டர் வயரையும் கழட்டுங்க. எர்த் கிளாம்ப் அதே ஹெட்டுல இருக்கட்டும். குளோரின் கலந்த பிரேக் கிளீனரால அந்த இடத்தைத் துடைக்கவே துடைக்காதீங்க. அது சூடுபட்டா பாஸ்ஜீன்ங்கற விஷ வாயு வரும், உயிருக்கே ஆபத்து.

பதில்:
இதைப் படிக்கப்போகும் மற்றவர்களுக்காக ஒன்று. பழைய ஏர் கூல்டு ஃபோக்ஸ்வாகன் வேன்களில் உள்ள 1600 சிசி எஞ்சினின் கேஸ் (எஞ்சினின் வெளிக்கூடு) மெக்னீசியம் கலவை. ஹெட் அலுமினியம்தான், இருந்தாலும் டிரில் போடும்போது கேஸிலிருந்து விழும் தூள் தீப்பற்றக்கூடியது. கேஸில் ஒடிந்த ஸ்டட்டுக்குச் சுடர் காட்டாதீர்கள்.

கேட்டவர்:
ரொம்ப நன்றி. நட்டு பிளந்து வந்துருச்சு. நீட்டிக்கிட்டு இருந்த ஸ்டட் மெழுகு இறங்கினதும் சத்தமே இல்லாம வந்துருச்சு. மட்டமா இருந்ததுதான் விடமாட்டேங்குது. வெல்டு பிய்ஞ்சு பிய்ஞ்சு ஸ்டட் இப்ப மட்டத்துக்குக் கொஞ்சம் கீழே போயிருச்சு. டிரில்தான் வழின்னா, அந்தச் சந்துல நேரா எப்படிப் போடறது?

பதில்:
மேனிஃபோல்டையே வழிகாட்டியா வச்சுக்கோங்க தம்பி. நல்லா இருக்கற ஸ்டட்டுகள்ல அதை மாட்டி முறுக்குங்க. ஒடிஞ்ச ஸ்டட்டுக்கு நேரா இருக்கற ஃபிளேஞ்ச் (மேனிஃபோல்டோட தட்டையான விளிம்பு) ஓட்டையில இறுக்கமா உட்கார்ற மாதிரி, நடுவுல 4 மி.மீ. துளையோட ஒரு இரும்பு புஷ் (சின்னக் குழல்) லேத்துல கடைஞ்சு வாங்கிக்கோங்க. அதுக்குள்ளே போற பிட் விலகாது. இந்த வேலையில மொத்தத்தையும் தீர்மானிக்கறது அந்த முதல் துளை நடுவுல விழறதுதான், அதுக்கு எவ்வளவு நேரம் ஆனாலும் பரவாயில்லை.

இடப்பக்கமாச் சுத்தற டிரில் பிட் கிடைச்சா அதையே போடுங்க. துளை பெருசாகும்போது ஸ்டட் சில நேரம் தானாவே கழண்டு வந்துடும். வரலைன்னா புஷ்ஷை எடுத்துட்டு 5, பிறகு 6.5 வரைக்கும் போய் நிறுத்துங்க. மிச்சம் இருக்கற மெல்லிசான எஃகுத் தோலைக் கூரான கம்பியால உரிச்சு எடுத்துட்டு, எம்8 டேப்பால (மரை வெட்டற கருவி) மரையைச் சுத்தம் பண்ணுங்க. புது ஸ்டட் எவ்வளவு ஆழம் இறங்கணுமோ அந்த அளவுக்கு பிட்டுல பசை டேப்பை அடையாளமா ஒட்டிக்கோங்க, பின்னாடி தண்ணி ஓடற வழி இருக்கு.

துளை விலகி மரை போயிட்டா 8.3 மி.மீ. போட்டு ஹெலிகாயில் (புது மரையா அமையற கம்பிச் சுருள்) இறக்கிடலாம். அலுமினிய மரையைவிட அது வலுவாவே பிடிக்கும்.

மாட்டும்போது ஸ்டட், கேஸ்கெட் எல்லாம் புதுசு, நட்டு செம்பு பூசினது. அடுத்த தடவை இப்படி இறுகிக்காது. ஆன்ட்டி சீஸ் (மரை இறுகிக்காம இருக்கத் தடவற பசை) தடவினா மேனுவல்ல போட்டிருக்கற முறுக்கு அளவைவிடக் கொஞ்சம் குறைவா முறுக்குங்க, உராய்வு குறைஞ்ச மரை அதே முறுக்குல அதிகமா இழுபடும். மேனிஃபோல்டு முகப்பு நேரா இருக்கான்னு இரும்பு ஸ்கேல் வச்சு முன்னாடியே பாருங்க. அது வளைஞ்சிருந்தா புது ஸ்டட்டும் ஒடியும்.

எல்லாம் மாட்டினதும் எஞ்சின் ஆறியிருக்கும்போதே வேக்கம் கிளீனரோட ஊதற பக்கத்தை டெயில் பைப்புல வச்சு, ஜாயின்ட்டுல சோப்புத் தண்ணி தெளிச்சுப் பாருங்க. குமிழி வந்தா ஓட்டாதீங்க.