முத்திரை குத்தின பிரதி கையில் இருக்கட்டும்

2019இல் மட்டக்களப்பில் ஓர் அரச பயிற்சி நிறுவனத்தில் படித்தேன். கணினிப் பாடத்துக்கு வந்த சேர், பிழை திருத்துகிற சாட்டில் மவுசில் இருக்கும் என் கையின் மேல் தன் கையை வைப்பார். கையை இழுத்தால் கதிரையைப் பிடித்துக்கொண்டு பின்னால் நிற்பார். இரவில் வட்ஸ்அப்பில், "செய்முறை மார்க்ஸ் என்ட கையிலதான் இருக்கு" என்று வரும்.

மாணவிகளுக்குப் பொறுப்பான மெடத்திடம் அழுதுகொண்டு சொன்னேன். "பிள்ள, கலியாணம் பேசுற வயசு. வெளிய கதைக்காத, நான் பாக்கன்" என்றார். அடுத்த கிழமை என்னைக் கூப்பிட்டார்கள். மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர். அவர்களோடு அதே வரிசையில் அந்தச் சேர். இந்தப் பக்கம் ஒரு பிளாஸ்டிக் கதிரையில் நான். ஏன் உடனே சொல்லவில்லை, அன்றைக்கு என்ன உடுப்பு என்றெல்லாம் கேட்டார்கள். "தங்கச்சி மாதிரி நினைச்சுத்தான் பழகினன்" என்றார் அவர். சரி, பிரச்சினை முடிந்தது என்று எல்லோரும் எழும்பிவிட்டார்கள். ஒருவர்கூடப் பேனையைத் தொடவில்லை.

அது எனக்கு உறைக்க ஆறு மாதம் ஆனது. அதே சேரைப் பற்றி இன்னொரு பிள்ளை வந்து அழுதாள். என் முறைப்பாட்டையும் சேர்த்துக் கொடுக்கலாம் என்று அலுவலகத்துக்குப் போனால், அப்படி ஒன்று பதிவிலேயே இல்லை என்றார்கள்.

இரண்டு பேரும் இருந்து எழுதினோம். திகதி, நேரம், எந்த அறை, பக்கத்தில் யார் இருந்தார்கள், வந்த செய்திகளின் ஸ்கிரீன்ஷொட், எல்லாம். எங்கள் பிரதியில் முத்திரை குத்த எழுதுவினைஞர் மறுத்தார். தலைமை அலுவலகத்துக்குப் பதிவுத் தபாலில் அனுப்பின பற்றுச்சீட்டைக் காட்டினோம், குத்தினார். அப்புறம்தான் எழுத்தில் விசாரணை நடந்தது. அவரை வேறு மாவட்டத்துக்கு மாற்றினார்கள். அதை நான் தண்டனை என்று சொல்லமாட்டேன். அங்கேயும் பிள்ளைகள் படிக்கிறார்கள்.

தண்டனைச் சட்டக்கோவையின் 345ஆம் பிரிவில் பாலியல் தொந்தரவுக்கு 5 வருடம் வரை சிறை இருக்கிறது. 1995இலேயே வந்த திருத்தம். மார்க்ஸைக் காட்டிக் கேட்பது, பிறகு வந்த 2023ஆம் ஆண்டின் ஊழல் எதிர்ப்புச் சட்டத்தில் பாலியல் இலஞ்சம். அந்த மேசையில் இருந்தவர்கள் அன்றைக்கே இருந்த 345ஆம் பிரிவைக்கூட வாயால் சொல்லவில்லை.

*

அம்பாறை மாவட்டத்துத் திருக்கோவில் ஊரிலிருந்து ஒரு தாய் எழுதுகிறேன். மகளுக்கு முதல் வருடத்தில் நடந்ததைச் சொன்னபோது, "ராகிங்தானே அம்மா, நாலு மாசத்தில முடிஞ்சிரும்" என்றது நிர்வாகம். 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டப்படி, பகிடிவதையில் பாலியல் தொந்தரவு செய்தால் 10 வருடம் வரை சிறை. அதைத் தெரிந்துகொண்டு பொலிஸின் சிறுவர், பெண்கள் பிரிவுக்குப் போனோம். பெண் உத்தியோகத்தர்தான் வாக்குமூலம் எடுத்தார். முடியும்வரை மகள் என் சேலைத் தலைப்பை விடவேயில்லை. மற்ற நாள் நிர்வாகமே எங்களைத் தேடி அழைப்பு எடுத்தது.

*

முதலாவதாக எழுதின தங்கச்சிக்கு. அப்படி ஒரு மேசையின் மற்றப் பக்கத்தில் நான் இருந்திருக்கிறேன். பிள்ளையையும் அவரையும் ஒரே அறையில் வைத்துத்தான் கேட்டோம். எங்கள் கேள்விக்குப் பதில் சொல்லும்போதெல்லாம் அந்தப் பிள்ளை கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். அடுத்த தவணைக்கு வரவில்லை. வரவுப் பதிவேட்டில் அவள் பெயரைச் சிவப்பு மையால் வெட்டினது நான்தான்.