தீவுக் காப்பகத்தில் மீன் கணக்கெடுப்பு: டேப்பா, இரை கேமராவா?

அலைவாய்:
தீவைச் சுற்றி மீன்பிடிக்கத் தடை உள்ள சின்னக் கடல் காப்பகம். பார் (கடலடிப் பவளப் பாறைத்திட்டு) 3 முதல் 12 மீட்டர் ஆழத்தில் இருக்கிறது. ஆண்டுக்கு ஒரு முறை தடைக்கு உள்ளே 6 இடம், வெளியே 6 இடம் என்று கணக்கெடுப்பு. இதுவரை டைவர்கள் 50 மீட்டர் டேப் விரித்து எண்ணி வருகிறார்கள். இனி அதை நிறுத்திவிட்டு, இரை கட்டிய கேமராவை மட்டும் இறக்க வேண்டும் என்பது என் வாதம்.

காரணம் ஒன்றுதான். மனிதனைக் கண்டால் மீன் நடந்துகொள்ளும் விதம் உள்ளே ஒன்று, வெளியே ஒன்று. ஈட்டித் துப்பாக்கிக்குப் பழகிய களவா, டைவர் நெருங்கும் முன்பே பாறை இடுக்கில் புகுந்துவிடும். தடைப் பகுதியில் அதே களவா முகமூடி வரை வந்து பார்க்கும். உள்ளே 10, வெளியே 2 என்று எழுதினால், அதில் எவ்வளவு மீன், எவ்வளவு பயம் என்று பிரிக்க வழியில்லை. காப்பகம் வேலை செய்கிறது என்று சொல்ல அந்த எண்ணை எடுத்துக் காட்டுவது தவறு.

டேப்50:
நீங்கள் சொல்லும் குறை உண்மை. நியூசிலாந்தில் 1975இல் அமைந்த லீ காப்பகத்தில் ஸ்னாப்பர் மீன்கள் டைவரைச் சுற்றிச் சுற்றி வரும்; பார்வையாளர்கள் தீனி போட்டுப் பழக்கியதும் அதற்கு ஒரு காரணம். ஆனாலும் டேப்பை நிறுத்துவதை ஏற்க முடியாது.

இரைக்கு யார் வருகிறார்கள்? களவா, விளமீன், பாரை, சுறா. பாசி மேயும் கிளிமீனும் ஓராவும் தற்செயலாகக் கேமரா முன் கடந்தால்தான் உண்டு. பவளம் வெளிறிச் செத்த இடத்தைப் பாசி மூடிவிடாமல் வைத்திருப்பது இந்த மேய்ச்சல் மீன்கள்தான். அவற்றைக் குறைத்து எண்ணும் முறையை மட்டும் நம்பினால் பாரின் நிலையே பிடிபடாது.

இன்னொன்று, பரப்பு. 50 மீட்டர் நீளம், 5 மீட்டர் அகலம்: 250 சதுர மீட்டரில் இத்தனை கிளிமீன் என்று டேப் சொல்லும். மத்தி வாசனை எவ்வளவு தூரம் போனது என்று கேமரா சொல்லுமா? நீரோட்டம் இரட்டிப்பானால் வாசனை எட்டும் தூரமும் மாறிவிடும்.

பல ஆண்டு எண்ணிக்கைத் தொடரின் மதிப்பையும் மறந்துவிட வேண்டாம். பிலிப்பைன்ஸில் சுமிலோன் தீவுக் காப்பகம் 1974இலும், அப்போ தீவுக் காப்பகம் 1982இலும் வந்தன. இரண்டிலும் 1983 முதல் டைவர் எண்ணிக்கை நடந்தது. 1984இல் சுமிலோனில் பாதுகாப்பு குலைந்து வலைகள் உள்ளே புகுந்தபோது, மீன் குறைந்ததை முன்பின் ஒப்பிட்டுக் காட்ட முடிந்தது. கையில் பழைய எண் இருந்ததால்தான் அது முடிந்தது. முறையை நடுவில் மாற்றினால் உங்கள் பழைய ஆண்டுகள் எல்லாம் தனியாகக் கிடக்கும்.

மத்திப்பை:
பரப்பு தெரியாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். அதனால்தான் எல்லாவற்றையும் நிலையாக வைக்கிறோம்: நசுக்கிய மத்தி 1 கிலோ, கம்பி வலைப் பையில், கேமராவிலிருந்து ஒன்றரை மீட்டர் தள்ளி, 60 நிமிடப் பதிவு, கேமரா பொருத்திய இரண்டு சட்டங்களுக்கு நடுவே குறைந்தது 250 மீட்டர். விடிந்த உடனேயும் பொழுது சாயும்போதும் இறக்கக் கூடாது. ஒரே ஃப்ரேமில் ஒரே இனத்தில் அதிகபட்சம் எத்தனை தெரிந்தது என்பதே எண்ணிக்கை. போய்த் திரும்பும் மீனை இரண்டு முறை எண்ணும் பேச்சே இல்லை.

டேப்பில்தான் அந்தப் பேச்சு இருக்கிறது. டைவர் 10 நிமிடம் நீந்துகிறார். அதற்குள் பக்கத்திலிருந்து பாரைக் கூட்டம் உள்ளே வருகிறது. எல்லாவற்றையும் எழுதினால் அது ஒரு கணத்தில் அந்தப் பரப்பில் இருந்த மீன் ஆகாது. வேகமாக நீந்தும் இனம் எதுவானாலும் எண்ணிக்கை ஊதிப்போகும்.

நீளம் அதைவிட மோசம். முகமூடி வழியே பார்த்தால் பொருள் மூன்றில் ஒரு பங்கு பெரிதாகத் தெரியும். எடையோ நீளத்தின் ஏறக்குறைய மூன்றாம் அடுக்கில் ஏறுகிறது. 30 செ.மீ. மீனை 36 என்று எழுதினால் நீளத்தில் பிழை 20 சதவீதம், எடையில் 73 சதவீதம். ஒரே சட்டத்தில் பக்கம் பக்கமாகப் பொருத்திய இரட்டைக் கேமராவில் அந்த நீளத்தைத் திரையில் அளந்து எடுக்கிறோம்.

டேப்50:
நீங்கள் சொல்லும் இரண்டு பிழையும் சரியாகப் பழகாத டைவரின் பிழை. கடலில் இறங்கும் முன், வெவ்வேறு நீளத்தில் வெட்டிய பிவிசி குழாய்களைக் கயிற்றில் கட்டித் தண்ணீருக்குள் தொங்கவிட்டு, நீளத்தைச் சிலேட்டில் எழுதச் சொல்லி, மேலே வந்து ஒப்பிட வேண்டும். பெரும்பாலானவற்றில் 10 சதவீதத்துக்குள் வரும் வரை அவரை எண்ண விடக் கூடாது. ஒவ்வொரு பருவத்திலும் முதல் நாள் இதைத் திரும்பச் செய்ய வேண்டும், கண் மறந்துவிடும்.

நுழையும் மீனுக்கும் விதி உண்டு. அடுத்த 5 மீட்டர் கட்டத்தை முதலில் ஒரே பார்வையில் பார்த்து, ஓடும் மீனை எழுதிவிட வேண்டும். பிறகு மெதுவாக நகர்ந்து, பாறையை ஒட்டியுள்ள சின்ன மீன். முதுகுக்குப் பின்னாலிருந்து முந்திக்கொண்டு வருவதை எழுதவே கூடாது.

டேப்பை முன்கூட்டியே விரித்துவிட்டு எண்ணத் தொடங்குவதுதான் பலர் செய்யும் தவறு. விரிக்கும்போதே மீன் கலைந்துவிடும். எண்ணுபவர் முன்னே போக, துணை டைவர் பின்னாலிருந்து ரீலை அவிழ்த்துக்கொண்டே வர வேண்டும். முடியாவிட்டால் விரித்த பிறகு 15 நிமிடம் விலகி நில்லுங்கள். சில மீட்டருக்கு ஒருமுறை டேப்பைச் செத்த பாறையில் ஒரு சுற்று சுற்ற வேண்டும், உயிருள்ள பவளத்தில் ஒருபோதும் கூடாது. சுற்றாவிட்டால் அலை இழுப்பில் டேப் வில்லாக வளையும். திரும்பி வரும்போது டேப்பின் புள்ளிகளுக்கு அடியில் பவளமா, பாறையா, மணலா என்று எழுதும் அடித்தளக் கணக்கும் கோணலாகிவிடும்.

விதைஎண்:
இருவரும் கருவியைப் பற்றியே பேசுகிறீர்கள். எனக்குப் பெரிய ஓட்டையாகத் தெரிவது "உள்ளே 6, வெளியே 6" என்பதுதான். தீவின் காற்றுப் பக்கத்தில் அலை மோதும். மறைவுப் பக்கம் அமைதி. இரண்டு பக்கத்திலும் பவளமும் வேறு, மீனும் வேறு. தடைப் பகுதி முழுக்க மறைவுப் பக்கத்தில் அமைந்து, வெளி இடங்கள் காற்றுப் பக்கத்தில் இருந்தால், நீங்கள் அளப்பது தடையின் பலன் அல்ல, அலை. அலைப் பக்கம், ஆழம், பாரின் மேடுபள்ளம் மூன்றும் ஒத்துப்போகும் இடங்களாக ஜோடி சேர்த்துத் தேர்ந்தெடுங்கள்.

ஓர் இடத்தில் 4 டேப் விரித்தால் அது 4 மாதிரி ஆகாது, இடம்தான் அலகு. 3 இடத்தில் 8 டேப் போடுவதைவிட 12 இடத்தில் 2 டேப் மேல். ஓத நிலையையும் சேர்த்து எழுதுங்கள். ஏற்றத்தில் பாரின் மேல்தளத்துக்கு மேய வரும் மீன், வற்றத்தில் அங்கே இருக்காது. சில களவா இனங்கள் முழுநிலவையோ அமாவாசையையோ ஒட்டி முட்டையிடக் கூடும். அந்த வாரத்தில் ஓர் ஆண்டும், வேறு வாரத்தில் மறு ஆண்டும் போனால் அந்த ஏற்ற இறக்கத்துக்குப் பொருளே இல்லை.

பாசிமணி:
ஒரு லிட்டர் கடல் தண்ணீரை வடிகட்டி டிஎன்ஏ பார்த்தால் இனப் பட்டியல் கிடைக்கிறதே, இரண்டுமே எதற்கு?

விதைஎண்:
பட்டியலுக்கு நல்லது. இடுக்கில் பதுங்கும் சின்ன மீன்கள் டேப்பிலும் கேமராவிலும் தப்பும், இதில் அகப்படும். ஆனால் எத்தனை மீன், எவ்வளவு நீளம் என்று அது சொல்லாது. சின்னத் தீவில் எல்லைக்கு வெளியே உள்ள மீனின் டிஎன்ஏவையும் நீரோட்டம் உள்ளே கொண்டுவந்து சேர்க்கும். எடுப்பதானால் ஒவ்வொரு நாளும் சுத்தமான தண்ணீரை அதே கருவிகளில் வடிகட்டி ஒரு வெற்று மாதிரி வையுங்கள். படகில் கிடக்கும் இரை மத்தி கையுறையில் ஒட்டினால் எல்லா மாதிரியிலும் மத்தி வரும்.

டேப்50:
மீனை மட்டும் பேசுகிறோம். கடல் அட்டை, சங்கு, கடல் முள்ளெலி, முட்கிரீட நட்சத்திரமீன் எல்லாம் இரைக் கேமராவில் வராது. டேப்பின் இரு பக்கமும் 1 மீட்டர் அகலத்தில், டார்ச் அடித்து இடுக்கு இடுக்காகப் பார்த்துத்தான் எடுக்க முடியும். அட்டையில் எண்ணிக்கையை மட்டும் நம்புங்கள். தொட்டால் சுருங்கிவிடும், நீளம் நிலையானது அல்ல. கல்லைப் புரட்டினால் அதே பக்கம் கீழே இருக்கும்படி திரும்ப வைக்க வேண்டும். புரண்டே கிடந்தால் அடியில் ஒட்டியிருந்த உயிர்கள் வெயிலில் போய்விடும்.

அலைவாய்:
மேய்ச்சல் மீனுக்கும் அட்டைக்கும் டேப் தேவை என்பதை ஏற்கிறேன். களவாவுக்கும் சுறாவுக்கும் டேப் எண்ணைக் காட்டி "காப்பகம் 5 மடங்கு" என்று சொல்வதை இப்போதும் ஏற்கவில்லை. அந்த இனங்களுக்குக் கேமரா எண் மட்டுமே அறிக்கையில் போக வேண்டும்.

டேப்50:
டேப் எண்ணும் போகட்டும், பக்கத்திலேயே கேமரா எண்ணும் போகட்டும். இரண்டுக்கும் இடைவெளி உள்ளே எவ்வளவு, வெளியே எவ்வளவு என்று பார்த்தால்தான் நீங்கள் சொல்லும் பயம் எவ்வளவு என்றே தெரியும். நீக்கிவிட்டால் அதுவும் போச்சு.

மத்திப்பை:
அப்படிச் செய்வதானால் ஒரு நிபந்தனை. ஒரே இடத்தில் முதலில் டேப், மறுநாள் கேமரா. மாற்றிச் செய்தால் மத்தி வாசனைக்குக் கூடிய மீனைத்தான் டைவர் எண்ணிக்கொண்டிருப்பார். இரட்டைக் கேமராவைப் படகில் தூக்கி இறக்கும்போது சட்டம் எங்காவது இடித்தால், அடுத்த இறக்கத்துக்கு முன் அளவுச் சோதனையைத் திரும்பச் செய்யுங்கள். கோணம் நகர்ந்தது வெளியே தெரியாது, நீளங்கள் மட்டும் எல்லாம் சேர்ந்து தப்பாகும்.