குளிர்களஞ்சியம் எங்கே வேண்டும்: மலையிலா, சமவெளியிலா?

இராகலையூரான் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலால் மலைகள் சரிந்து வீதிகள் மூடப்பட்ட நாட்களில், பிடுங்கிய கரட்டும் லீக்ஸும் ஏற்றுவதற்கு வழியின்றி எங்கள் பக்கத்துக் காணிகளின் ஓரத்திலேயே அழுகியதைப் பலரும் கண்டோம். உயிரிழப்புகளுக்கு முன்னால் அது பெரிதல்ல என்பதை அறிவேன். ஆனால் மழை பலத்துப் பெய்யும் ஒவ்வொரு பருவத்திலும் இதுவே சிறிய அளவில் நடப்பதால், இப்போதாவது இதைப் பேசியாக வேண்டும்.

அந்த ஆண்டு ஏப்ரலில்தான் தம்புள்ளையில் இந்திய உதவியுடன் 5,000 மெட்ரிக் தொன் கொள்ளளவு கொண்ட, வெப்பநிலையும் ஈரப்பதனும் கட்டுப்படுத்தப்பட்ட களஞ்சியம் திறக்கப்பட்டது. அது நாட்டுக்குத் தேவையான ஒன்றே. எனினும் நுவரெலியாவின் குளிரில் விளைந்த கரட்டை, ஏறத்தாழ 150 கிலோமீற்றர் கீழே உலர் வலயத்தின் வெக்கைக்குக் கொண்டுபோய், அங்கே மின்சாரம் செலவழித்து மீண்டும் குளிர்விப்பதில் என்ன நியாயம் இருக்கிறது? நுவரெலியாவிலும் கெப்பட்டிபொலவிலும் மரக்கறி மொத்த விற்பனை நடக்கும் பொருளாதார மத்திய நிலையங்கள் இருக்கின்றன. அவற்றை ஒட்டியே குளிர்களஞ்சியம் அமைய வேண்டும் என்பது என் நிலைப்பாடு.

பேலியகொடைக் களஞ்சியப் பொறுப்பாளர் எழுதியது:

நான் பிறந்தது தலவாக்கலையில். பல ஆண்டுகளாகக் கொழும்பை அண்டிய களஞ்சியங்களில் வேலை செய்து வருகிறேன். ஊர்ப்பற்று எனக்கும் உண்டு. ஆயினும் ஐயாவின் கருத்தை என்னால் ஏற்க முடியவில்லை.

முதலில் மின்சாரத்தைப் பாருங்கள். 2022 ஓகஸ்டில் 75 வீதமும், 2023 பெப்ரவரியில் 66 வீதமும் கட்டணம் உயர்ந்தபோது, ஏற்கெனவே இயங்கிக்கொண்டிருந்த குளிர் அறைகளைக்கூட நடத்துவது பெரும்பாடாக இருந்தது. கட்டணம் பின்னர் குறைக்கப்பட்டாலும், ஆண்டில் சில மாதங்கள் நிரம்பியும் மற்ற மாதங்களில் வெறுமையாகவும் கிடக்கும் அறைக்கு முழு ஆண்டும் செலவு செய்ய முடியாது. சமவெளியில் என்றால் பழம், வெங்காயம், மீன், இறக்குமதிப் பொருள் என ஒன்று இல்லாத காலத்தில் இன்னொன்றை வைத்து இடத்தை நிரப்பலாம். மலையில் வேறு எதை வைப்பீர்கள்? தேயிலைக்குக் குளிர் தேவையில்லை. ஈரம் படாத இடம் போதும், அதுவும் ஏலத்துக்காகக் கொழும்புக்கு வந்துவிடுகிறது.

அத்துடன், எல்லா மரக்கறியையும் ஒரே அறையில் வைக்க இயலாது. கரட், லீக்ஸ், கோவா ஆகியவை 0 பாகை செல்சியஸுக்கு அருகில், நல்ல ஈரப்பதனில், வாரக்கணக்கிலிருந்து மாதக்கணக்கு வரை நிற்கும். போஞ்சியை அதே குளிரில் வைத்தால் சில நாட்களில் புள்ளி விழுந்து கெடும். தக்காளியை 10 பாகைக்குக் கீழே நெடுநேரம் வைத்தால் சரியாகப் பழுக்காது. பழுக்கும் பழங்களோடு கரட்டை வைத்தால், அவை வெளிவிடும் எதிலீன் வாயுவால் கரட் கசக்கத் தொடங்கும். ஆகவே ஒரு கட்டடம் என்று சொல்வது உண்மையில் பல அறைகள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். குளிரறையிலிருந்து எடுத்த கரட்டைப் படங்கு மூடிய சாதாரண லொறியில் ஏற்றினால், வழியில் அது வியர்த்து நனைந்து, குளிரூட்டாத கரட்டை விட விரைவாக அழுகும். குளிரூட்டிய லொறி இல்லாமல் மலையில் குளிர்களஞ்சியம் கட்டுவது பணத்தை வீணாக்குவதாகும்.

ஹட்டன் லொறி உரிமையாளர் எழுதியது:

இரண்டு பேரும் கட்டடத்தைப் பற்றியே பேசுகிறீர்கள். மலையையும் சந்தையையும் இணைக்கும் லொறியின் நிலையை யாரும் கேட்கவில்லை.

2021 டிசம்பர் இறுதியில் ஒட்டோ டீசல் லீற்றர் 121 ரூபா. 2022 ஜூன் இறுதியில் 460 ரூபா. அந்த ஆறு மாதங்களில் தொழிலை விட்டவர்கள் பலர் திரும்பி வரவில்லை. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டதிலிருந்து, 2025 இல் மீண்டும் திறக்கும் வரை, பழைய லொறிகளையே தட்டித் திருத்தி ஓட்டினோம். இப்போது புதிய லொறி வாங்கலாம் என்றாலும், அதன் விலைக்கும் வட்டிக்கும் எங்கள் வாடகை ஈடுகொடுப்பதில்லை. இறம்பொடைப் பக்கமாக இறங்கினாலும் கினிகத்தேனைப் பக்கமாக இறங்கினாலும் பிரேக்கும் டயரும் தேய்வது சமவெளியில் ஓடுவோருக்குப் புரியாது. அனுபவமுள்ள சாரதிகள் வெளிநாடு போகிறார்கள். ஏற்றி இறக்கும் நாட்டாமிமாருக்கும் தட்டுப்பாடுதான்.

எங்கள் வாடகையைத் தீர்மானிப்பது திரும்பி வரும் சுமை. அரிசி, மா, சீனி, உரம் என ஏதாவது கிடைத்தால் விவசாயியிடம் குறைவாக வாங்குவோம். வெறுமையாக மலையேற வேண்டியிருந்தால் இரு பக்கத்துச் செலவும் கரட்டின் மேல்தான் விழும். குளிரூட்டிய லொறியில் உரமூட்டை ஏற்ற முடியாது. அந்த லொறி ஒவ்வொரு முறையும் வெறுமையாகத்தான் திரும்பும் என்பதைக் களஞ்சியப் பொறுப்பாளர் கணக்கில் சேர்க்க வேண்டும்.

இராகலையூரான் எழுதியது:

களஞ்சியப் பொறுப்பாளர் தம்பிக்கு, நீங்கள் சொன்ன வெப்பநிலைக் கணக்கு சரியானது. அதே கணக்கை வைத்தே உங்களுக்குப் பதில் சொல்கிறேன்.

பறித்த பின்னும் மரக்கறி சுவாசிக்கிறது. சூடு 10 பாகை கூடினால் அந்தச் சுவாசம் இரண்டு மடங்குக்கும் மேலாகிறது. அந்த அளவுக்கு அதன் ஆயுள் குறைகிறது. அப்படியானால் முதல் சில மணித்தியாலங்களில் சூட்டை எடுத்துவிடுவதுதான் முக்கியம். அந்த மணித்தியாலங்கள் கழிவது எங்கள் காணியிலும் கழுவும் இடத்திலும் வீதியோரத்திலுமே. பேலியகொடை மொத்தச் சந்தைக்கு வரும்போது பாதிச் சேதம் முடிந்துவிடுகிறது. நம் நாட்டில் மரக்கறியிலும் பழத்திலும் 30 முதல் 40 வீதம் வரை அறுவடைக்குப் பின் வீணாவதாகத் துறைசார் மதிப்பீடுகள் நெடுங்காலமாகச் சொல்லி வருகின்றன. அந்த இழப்பைச் சந்தைக்கு அருகில் கட்டும் களஞ்சியத்தால் எப்படித் தடுப்பது?

நான் மாதக்கணக்கில் பூட்டி வைக்கும் களஞ்சியத்தைக் கேட்கவில்லை. இரண்டு மூன்று நாட்கள் தாங்கினால் போதும். எங்கள் ஊரின் இரவுக் காற்றே ஆண்டின் பல மாதங்களில் கடுங்குளிராக இருக்கிறது. தை, மாசி மாதங்களில் உறைபனியும் விழுகிறது. தடித்த சுவரும் இரவில் குளிர்காற்றை உள்ளிழுக்கும் விசிறியும் இருந்தால், இயந்திரக் குளிரூட்டல் பகலில் சில மணித்தியாலங்களுக்கு மட்டுமே தேவைப்படும். உங்கள் மின்கட்டணக் கணக்கு சமவெளி வெப்பத்துக்குப் போட்ட கணக்கு. இந்தக் கட்டடத்தில் கரட் 0 பாகைக்குப் போகாது. 8, 10 பாகையில் நிற்கும். ஆகவே நீங்கள் அஞ்சும் அளவுக்கு அது வழியில் வியர்க்கவும் செய்யாது.

அந்த இரண்டு மூன்று நாட்கள் எதற்கென்றால், விலைக்காக. இன்று சந்தையில் வரத்து அதிகம் என்று தொலைபேசியில் தெரிந்தாலும், பிடுங்கிய கரட்டை வைத்திருக்க இடமில்லாததால் சொன்ன விலைக்குக் கொடுத்துவிட வேண்டியிருக்கிறது. நாளை மறுநாள் ஏற்றுவேன் என்று சொல்லும் உரிமை விவசாயிக்கு வந்தால், கமிஷன் கடைக்காரரோடு பேசும் பேச்சே மாறிவிடும்.

நானுஓயா வாசகர் எழுதியது:

ரயிலை எல்லோரும் மறந்துவிட்டீர்கள். நானுஓயாவுக்கு 1885 இலும் பதுளைக்கு 1924 இலும் ரயில் வந்தது. நானுஓயாவிலிருந்து நுவரெலியா, கந்தப்பளை வழியாக இராகலைக்கே ஒரு குறும்பாதை ஓடியது; அது 1940களில் மூடப்பட்டது. டித்வாவில் சிதைந்த பாதையைச் சீரமைக்கும்போதே, சுற்றுலாப் பயணிகளோடு மரக்கறிப் பெட்டிகளுக்கும் இடம் ஒதுக்கும்படி கேட்க வேண்டும்.

ஹட்டன் லொறி உரிமையாளர் எழுதியது:

ரயில் என்றால் காணியிலிருந்து ரயில் நிலையத்துக்கு ஒரு லொறி, இறங்கும் நிலையத்திலிருந்து சந்தைக்கு இன்னொரு லொறி, இடையில் இரண்டு தடவை ஏற்றி இறக்கல். லீக்ஸ் இதைத் தாங்காது. தேயிலைக்கு வேண்டுமானால் கேளுங்கள். நானும் கையெழுத்து வைக்கிறேன்.

வெலிமடைத் தங்கை எழுதியது:

தரம் பிரிக்கும் கொட்டகையில் பெண்களோடு நிற்பவள் என்ற முறையில் இரண்டு விடயங்களைச் சொல்கிறேன்.

முதலாவது, மரக்கறியை மூட்டையாகக் கட்டும் உரப்பை. 2011 இறுதியில் மரக்கறியைப் பிளாஸ்டிக் கூடையில்தான் ஏற்ற வேண்டும் என்று அரசாங்கம் விதித்தபோது வியாபாரிகளும் விவசாயிகளும் எதிர்த்தார்கள். அந்த விதி நிலைக்கவில்லை. கூடையில் ஏற்றினால் லொறியில் குறைவாகவே பிடிக்கும், கூடைக்கும் பணம் கட்ட வேண்டும், வெறுங்கூடை யார் பொறுப்பில் திரும்பி வரும் என்பதற்கும் பதில் இருக்கவில்லை. ஆனால் பெரிய மூட்டையாகக் கட்டி, ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி, அதன் மேல் ஆள் ஏறி மிதித்து வரும் கோவா எந்தக் குளிரறையிலும் பிழைக்காது. ஹட்டன் அண்ணன் சொன்ன வெறும் லொறிப் பிரச்சினையும் இங்கே வருகிறது. மடித்து அடுக்கக்கூடிய கூடைகள் என்றால் உரமூட்டையோடு சேர்த்தே மேலே வரலாம்.

இரண்டாவது விடயம்தான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. களஞ்சியத்தில் யாருடைய கரட் இருக்கும்? தோட்டங்களில் லயன் வீடுகளைச் சுற்றிச் சிறு துண்டு நிலத்தில் மரக்கறி செய்கிற நம்மவர்களில் பெரும்பாலோரிடம் அந்த நிலத்துக்கு உறுதிப் பத்திரம் கிடையாது. உறுதி இல்லாதவருக்கு வங்கிக் கடன் இல்லை. கடன் இல்லாதவர் விதைக்கும் உரத்துக்கும் வியாபாரியிடம் முற்பணம் வாங்குகிறார். வாங்கியவர் விளைச்சலை அவரிடமே கொடுத்தாக வேண்டும். அவருக்கு மூன்று நாள் காத்திருக்கும் உரிமையைக் கட்டடம் கொடுக்காது. அதே வியாபாரியே களஞ்சியத்தின் இடத்தை முழுவதும் வாடகைக்கு எடுத்துக்கொண்டால், விலை விழும் நாளில் வாங்கி, ஏறும் நாளில் விற்கும் வசதி அவருக்கே கிடைக்கும்.

பேலியகொடைக் களஞ்சியப் பொறுப்பாளர் எழுதியது:

தங்கை சொன்ன ஆபத்து உண்மையானது. களஞ்சியத்தை நிரப்பக்கூடியவரிடமே பேரம் பேசும் பலம் போய்ச் சேர்வதை நான் தினமும் பார்க்கிறேன். இரவுக்காற்றைப் பயன்படுத்தும் சிறு கொட்டகைக்கு நான் எதிரானவன் அல்லன். பல கோடி ரூபா விழுங்கும் பெரிய கட்டடத்துக்கே எதிரானவன். அதிலும் ஒரு நிபந்தனை உண்டு. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு அபாயம் என்று குறித்த சரிவில் ஒரு கல்லும் வைக்கக் கூடாது. வீதிக்கு அருகில், சமதரையில், உறுதியான மண்ணில் நுவரெலியாவில் காணி தேடிப் பாருங்கள். அங்கே விலை கேட்டால் ஹோட்டல் கட்டுவோர்தான் வாங்கக்கூடியவர்கள் என்று தெரியும்.

இராகலையூரான் எழுதியது:

காணியை விலைக்கு வாங்கத் தேவையில்லை. மூடப்பட்ட தேயிலைத் தொழிற்சாலைகள் மலையெங்கும் நிற்கின்றன. காற்றோட்டத்துக்காகவே கட்டப்பட்ட, கொழுந்தை வாட்டும் மாடிகளும், மின் இணைப்பும், லொறி வந்து திரும்பும் முற்றமும் அவற்றில் உண்டு. அவற்றில் மண்சரிவு அபாயம் இல்லையென்று அந்தக் கட்டட ஆராய்ச்சி நிறுவனம் உறுதிப்படுத்தும் ஒன்றை, தோட்டக் கம்பனியிடமிருந்து குத்தகைக்கு எடுத்து, தோட்டக் கூட்டுறவுச் சங்கத்தின் கையில் கொடுக்கும்படி கேட்போம். தங்கை அஞ்சும் நிலை வராமல் இருக்க, ஒருவருக்கு இத்தனை கூடைகளுக்கு மேல் இடமில்லை என்ற வரம்பும், வைத்த கரட்டுக்கு எழுதிக் கொடுக்கும் சீட்டின் பேரில் சங்கமே சிறு முற்பணம் தரும் ஏற்பாடும் முதல் நாளிலிருந்தே விதியில் இருக்க வேண்டும். ஹட்டன் நண்பர், கூடைகளைத் திருப்பிக் கொண்டுவர என்ன வாடகை கேட்பீர்கள் என்று எழுதுங்கள்; அந்தத் தொகை தெரிந்தால்தான் சங்கத்தின் முன் வைக்கும் கணக்கை நான் முடிக்க முடியும்.